ஏற்றுமதிச் சரக்குக்குள் இருக்கும் வரியைத் திரும்பப் பெறுவது எப்படி?

பொள்ளாச்சி, உடுமலைப் பக்கம் போனால் தென்னந்தோப்புகளுக்கு நடுவே நார்க்கழிவு காயும் களங்களைப் பார்க்கலாம். மட்டையிலிருந்து நாரை உரித்த பிறகு எஞ்சும் தூளை உப்புப் போக அலசி, வெயிலில் பரப்பி, டிராக்டரால் புரட்டிப் புரட்டிக் காயவைத்து, சலித்து, இயந்திரத்தில் அழுத்தி 5 கிலோ கட்டியாக எடுக்கிறார்கள். அந்தக் கட்டி தூத்துக்குடியில் கப்பலேறி, எங்கோ ஒரு பசுமைக்குடிலில் தக்காளிச் செடிக்கு மண்ணாகிறது. ஒரு காலத்தில் எடுத்துப் போக ஆளில்லாமல் சாலையோரம் குவிந்து கிடந்த பொருள் இது.

அந்தக் கட்டிக்குள் வரியும் சேர்ந்தே அழுந்தியிருக்கிறது. டிராக்டருக்கும் லாரிக்கும் போட்ட டீசலில் மத்திய கலால் வரியும் மாநில மதிப்புக் கூட்டு வரியும் உண்டு. இயந்திரம் ஓடிய மின்சாரத்துக்கு மின்சார வரி உண்டு. டீசலும் மின்சாரமும் ஜிஎஸ்டிக்கு வெளியே இருப்பதால், இவற்றை உள்ளீட்டு வரியாக, அதாவது கொள்முதலில் கட்டிய வரியாகக் காட்டி, செலுத்த வேண்டிய ஜிஎஸ்டியில் கழித்துக்கொள்ளவும் வழியில்லை. இலங்கைக் கட்டியோடு விலையில் மோதும் சிறு உற்பத்தியாளருக்கு இந்தச் சில காசு வித்தியாசமே ஆர்டரைக் கைநழுவ வைத்துவிடும்.

இப்படி மறைந்திருக்கும் வரியைத் திருப்பித் தருவதற்காக 2021 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்ததுதான் ரோடெப் (RoDTEP) திட்டம். இதை அரசு போடும் சலுகை என்று பலர் நினைக்கிறார்கள். நீங்கள் ஏற்கெனவே கட்டிய வரிதான் உங்களிடம் திரும்பி வருகிறது. உள்நாட்டு வரியை வெளிநாட்டு வாடிக்கையாளர் தலையில் ஏற்றக் கூடாது என்பது உலக வர்த்தக விதிகள் ஏற்றுக்கொண்ட கொள்கை. இதற்கு முன்பிருந்த ஊக்கத்தொகைத் திட்டத்தை ஏற்றுமதி மானியம் என்று உலக வர்த்தக அமைப்பின் தீர்ப்புக் குழு 2019இல் சொன்னது. அதன் பிறகே அரசு இந்த வழிக்கு மாறியது.

நாட்டுக்கு இதில் என்ன அக்கறை? கச்சா எண்ணெயை நாம் டாலர் கொடுத்து வாங்குகிறோம். அந்த டாலரில் பெரும்பங்கை ஏற்றுமதிதான் ஈட்டித் தர வேண்டும். 1991இல் சில வார இறக்குமதிக்கு மட்டுமே அன்னியச் செலாவணி மிஞ்சியிருந்தபோது, ரிசர்வ் வங்கி சுமார் 47 டன் தங்கத்தை லண்டனுக்கு அனுப்பி அடகு வைத்தது. அந்தப் பதற்றத்தைப் பார்த்த தலைமுறைக்கு ஒரு கன்டெய்னர் சரக்கின் அருமை தெரியும்.

ஏற்றுமதி செய்ய முதலில் வேண்டியது ஐஇசி என்னும் குறியீட்டு எண். வெளிநாட்டு வர்த்தகத் தலைமை இயக்குநரகத்தின் இணையதளத்தில் 500 ரூபாய் கட்டணத்தில் பெறலாம். உங்கள் பான் எண்ணே அந்த எண்ணாகவும் அமையும். ஒருமுறை வாங்கினால் போதும் என்றாலும், ஆண்டுதோறும் ஏப்ரல் முதல் ஜூன் வரையிலான மாதங்களில் தளத்துக்குள் போய் விவரங்களை உறுதிசெய்ய வேண்டும். மாற்றம் எதுவும் இல்லாவிட்டாலும் செய்ய வேண்டும். தவறினால் எண் முடங்கும், சரக்கு துறைமுகத்தில் காத்துக் கிடக்கும்.

ஜிஎஸ்டியில் ஏற்றுமதிக்கு வரி பூஜ்ஜியம். உறுதிமொழிக் கடிதம் கொடுத்து வரி கட்டாமலே அனுப்பலாம்; கடிதத்தை ஒவ்வொரு நிதியாண்டும் புதிதாகக் கொடுக்க வேண்டும். அல்லது வரியைக் கட்டி அனுப்பிவிட்டுத் திரும்பப் பெறலாம். கையிருப்புப் பணம் குறைவாக உள்ளவர்களுக்கு, வரி கட்டாமல் அனுப்பும் வழிதான் நல்லது என்பேன். மூலப்பொருளை இறக்குமதி செய்தபோது கட்டிய சுங்க வரிக்கு டிராபேக் என்று தனி ஏற்பாடு இருக்கிறது. ஆயத்த ஆடைக்கு மத்திய, மாநில வரிகளைத் திருப்பித் தரத் தனித் திட்டம் இருப்பதால் திருப்பூர்க்காரர்கள் அதன் வழியே போகிறார்கள்.

ரோடெப் தொகை, சரக்கின் எஃப்ஓபி மதிப்பில் (கப்பல் கட்டணமும் காப்பீடும் சேராத, கப்பலில் ஏற்றும் வரையிலான மதிப்பு) இத்தனை சதவீதம் என்று கணக்கிடப்படுகிறது. விகிதம் பொருளுக்குப் பொருள் மாறும், சிலவற்றுக்கு உச்சவரம்பும் உண்டு. அரசு அவ்வப்போது திருத்துவதால், அனுப்பும் நாளில் நடப்பில் உள்ள பட்டியலைப் பாருங்கள். தொகை ரொக்கமாக வராது. சுங்கத் துறையின் ஐஸ்கேட் தளத்தில் மின்னணுச் சான்றாக வரவாகும். இறக்குமதி செய்கிறவர் அதைக் கொண்டு அடிப்படைச் சுங்க வரி கட்டலாம்; மற்றவர்கள் இன்னொரு இறக்குமதியாளருக்குச் சற்றுத் தள்ளுபடியில் விற்றுப் பணமாக்கலாம். வாடிக்கையாளரிடமிருந்து பணம் வங்கிக்கு வந்து சேராவிட்டால், பெற்ற தொகையைத் திருப்பிக் கட்ட நேரிடும்.

இத்தனையும் ஒரே ஒரு பதிவில் தொங்குகிறது. ஏற்றுமதிக்காகச் சுங்கத் துறையிடம் தாக்கல் செய்யும் ஷிப்பிங் பில் என்ற ஆவணத்தில் ஒவ்வொரு பொருளுக்கும் எதிரே ரோடெப் கோருகிறீர்களா, இல்லையா என்று குறிக்க வேண்டும். எனக்குத் தெரிந்த ஒருவர் மூன்று கன்டெய்னர் அனுப்பிய பிறகுதான், மூன்றிலும் ‘இல்லை’ என்று பதிவாகியிருந்ததைக் கண்டுபிடித்தார். அவருக்காகச் சுங்க வேலைகளைப் பார்த்த கிளியரிங் ஏஜென்ட் அவரிடம் கேட்கவே இல்லை. சரக்கு போன பிறகு ஆவணத்தைத் திருத்தச் சுங்கச் சட்டத்தின் 149ஆம் பிரிவில் இடமுண்டு. ஆனால் அலுவலகத்துக்கு நடையாய் நடக்க வேண்டும், எல்லா விண்ணப்பமும் ஏற்கப்படுவதும் இல்லை.

ஷிப்பிங் பில் தாக்கலாகும் முன் ஏஜென்ட் ‘செக்லிஸ்ட்’ என்ற வரைவை அனுப்புவார். எடையையும் விலையையும் மட்டும் பார்த்துவிட்டுச் சம்மதம் சொல்லிவிடாதீர்கள். ரோடெப் பதிவு, டிராபேக் வரிசை எண், உங்கள் வங்கிக் கணக்கு ஆகிய மூன்றையும் நீங்களே ஒருமுறை படித்த பிறகு தாக்கல் செய்யச் சொல்லுங்கள்.