ஒத்திகைக்கு முன்பே கேளுங்கள்

போஸ்டர் அச்சாகிவிட்ட பிறகுதான் பெரும்பாலும் எனக்குத் தொலைபேசி வரும். நடனம் அமைத்தாகிவிட்டது, இசை பதிவாகிவிட்டது, சுவரில் ஓடவேண்டிய காணொளியும் தயார். அருங்காட்சியகத்தின் பெரிய கூடத்தில் நிகழ்ச்சி. நிதி கொடுத்தவர்களின் படிவத்தில் ‘சமூகப் பங்கேற்பு’ என்ற கட்டம் மட்டும் காலியாக இருக்கிறது. சேலத்திலிருந்து நெசவாளர்கள் சிலரை அழைத்துவர முடியுமா, முடிந்தால் வேலை செய்யும் உடையிலேயே வந்தால் நன்றாக இருக்கும் என்பார்கள்.

கலை நிறுவனங்களுக்கும் சேலம் வட்டாரத்து நெசவாளர், கொலுசுத் தொழிலாளர், கூத்துக் கலைஞர் குடும்பங்களுக்கும் நடுவில் பேசி ஏற்பாடு செய்வது என் வேலை. பெருநகரத்து அருங்காட்சியகங்களுக்குச் சேலம் அடிக்கடி தேவைப்படுகிறது. தறியின் ஓசை வேண்டும், பட்டறையின் ஓசை வேண்டும், உழைத்துக் காய்த்த கைகளின் படம் வேண்டும். அந்தக் கைகளுக்கு உரியவரும் வேண்டுமா என்று கேட்டால் பேச்சு கொஞ்சம் இழுபடும்.

அழைக்கிறவர்களுக்கு நான் சொல்ல விரும்புவது ஒன்றுதான்: எதையாவது மாற்ற முடிகிற கட்டத்திலேயே எங்கள் ஊர்க்காரர்களிடம் கேளுங்கள். இலை போட்ட பிறகு வந்து குழம்புக்கு உப்பு எவ்வளவு வேண்டும் என்று கேட்பதில் பயனில்லை. அழைக்கப்படுகிறவர்களுக்கும் இதில் சில விஷயங்கள் உண்டு. அவற்றைப் பின்னால் சொல்கிறேன்.

நடனம், இசை, காணொளி, சிற்பம், பேச்சு எல்லாம் ஒரே இடத்தில் கலக்கும் நிகழ்த்து கலை அருங்காட்சியகங்களில் இன்று வழக்கமாகிவிட்டது. லண்டனில் பழைய மின்நிலையத்தில் இயங்கும் டேட் மாடர்ன், தன் நிலத்தடி எண்ணெய்த் தொட்டிகளை 2012-இல் இத்தகைய நிகழ்வுகளுக்கென்றே திறந்தது. அதற்கு இரண்டு ஆண்டு முன்னால், நியூயார்க்கின் நவீனக் கலை அருங்காட்சியகத்தில் மரினா அப்ரமோவிச் என்ற கலைஞர் ஒரு நாற்காலியில் பேசாமல் உட்கார்ந்திருந்தார். பார்வையாளர் ஒவ்வொருவராக வந்து எதிரில் அமரலாம். கண்காட்சி முடிவதற்குள் அவர் அப்படி உட்கார்ந்திருந்தது 700 மணி நேரத்துக்கு மேல்.

சேலத்தின் குகைப் பகுதியில் யாரிடமாவது இதைச் சொன்னால் பெரிதாக வியக்கமாட்டார். ஆடித் திருவிழாவில் குகை மாரியம்மன், காளியம்மன் கோயிலையொட்டி நடக்கும் வண்டி வேடிக்கையைப் பார்த்தவர்களுக்கு அசையாமல் உட்காருவது புதிதில்லை. ஒரு காலத்தில் மாட்டு வண்டி, இப்போது லாரியும் டிராக்டரும். அதன்மேல் மேடை, மின்விளக்கு, தெர்மாகோலில் செதுக்கிய கோபுரம், புராணக் காட்சி. வேடம் கட்டியவர்கள் அந்தக் காட்சியில் சிலையாக இருக்க, வண்டி கூட்டத்துக்குள் ஊர்ந்து போகும். தச்சு, ஓவியம், ஒப்பனை, மின்வேலை, இசை என்று அத்தனை தொழிலும் அதில் இருக்கிறது. ஒவ்வொரு பகுதிக்காரர்களும் வசூல் செய்து, தங்களுக்குள் பேசி, என்ன காட்சி என்று முடிவெடுத்துச் செய்கிறார்கள். பரிசும் உண்டு. பரிசு தகுதியானவர்களுக்குத்தான் போனதா என்று தேநீர்க் கடையில் அடுத்த ஆடி வரை விவாதமும் உண்டு.

அந்த விவாதம் எனக்கு முக்கியம். தங்கள் பணமும் உழைப்பும் போன காரியம் என்பதால்தான் அதைக் குறை சொல்லும் உரிமையும் அவர்களுக்கு வந்துவிடுகிறது. அருங்காட்சியகத்துக்கு பஸ்ஸில் அழைத்துவரப்பட்டு, பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைக்கப்பட்டவர் நிகழ்ச்சி முடிந்ததும் என்ன சொல்கிறார் தெரியுமா? நன்றாக இருந்தது என்கிறார். எல்லோரும் அதையேதான் சொல்கிறார்கள். அறிக்கையில் அது மக்களின் வரவேற்பு என்று பதிவாகிறது. விருந்தாளியின் மரியாதையைப் பாராட்டு என்று எடுத்துக்கொள்ள வேண்டாம் என்பது என் அனுபவம்.

கூத்துக்கு நேர்வது இன்னும் மோசம். சேலம், தருமபுரிப் பக்கத்துக் கூத்து விடிய விடிய நடப்பது. அதில் பன்னிரண்டு நிமிடம் கேட்கிறார்கள். வேண்டாம் என்று நான் சொல்லமாட்டேன். கலைஞருக்கு அது ஒரு வருமானம். ஆனால் எந்தப் பன்னிரண்டு நிமிடம் என்பதை ஜமாவின், அதாவது கூத்துக் குழுவின், வாத்தியார் தீர்மானிக்கட்டும். வண்ண உடையும் கிறுகி என்னும் சுழலாட்டமும் புகைப்படத்துக்கு நன்றாக இருக்கும் என்று நடன அமைப்பாளர் அதையே கேட்பார். வாத்தியாரைக் கேட்டுப் பாருங்கள்: இரண்டு பேர் திரை பிடிக்க, அதன் பின்னால் வேடக்காரர் பாடி, திரை தாழ்வதற்குள் ஊரே எட்டிப் பார்க்கிற அந்த நேரத்தைக் கேட்பார். அல்லது கூத்தின் கோமாளியான கட்டியங்காரனை முன்னால் விட்டு அருங்காட்சியகத்து இயக்குநரையே கேலி செய்ய அனுமதி கேட்பார். கூத்து என்பது அதுதானே. கேலிக்கு இடமில்லாத கூடத்தில் கட்டியங்காரனுக்கு என்ன வேலை?

வெளிநாட்டில் இதை ஒழுங்காகச் செய்தவர்கள் இருக்கிறார்கள். அமெரிக்கக் கலைஞர் சுசான் லேசி, மினியாபொலிஸ் நகரில் 1987-ஆம் ஆண்டு அன்னையர் தினத்தன்று ‘கிறிஸ்டல் குவில்ட்’ என்ற நிகழ்வை நடத்தினார். அறுபது வயதைத் தாண்டிய 430 பெண்கள் கறுப்புடையில் வந்து மேசைக்கு நால்வராக அமர்ந்தார்கள். முதுமையைப் பற்றித் தங்களுக்குள் பேசினார்கள். குறித்த இடைவெளிகளில் மேசையில் இருந்த கைகளின் நிலையை மாற்றினார்கள். மேலிருந்து பார்த்தவர்களுக்குப் பெரிய ஒட்டுத்துணி ஒன்று வடிவம் மாறுவதுபோலத் தெரிந்தது. எழுபத்தைந்து பெண்களின் குரல்கள் அதன் ஒலிப்பதிவில் இருந்தன. காட்சி ஒரே நாள். அதற்குப் பின்புலமாக 1985-இலிருந்து நடந்த கூட்டங்களும் பயிற்சிகளும். டேட் மாடர்ன் 2012-இல் அந்தத் தொட்டிகளைத் திறந்தபோது இந்தப் படைப்பின் பதிவும் அங்கே வைக்கப்பட்டது.

பிரிட்டிஷ் கலைஞர் ஜெரமி டெல்லர் செய்தது வேறு வகை. 1984-இல் இங்கிலாந்தின் ஆர்கிரீவ் என்ற இடத்தில் வேலைநிறுத்தம் செய்த சுரங்கத் தொழிலாளர்களுக்கும் போலீசாருக்கும் நடந்த மோதலை, 2001-இல் அதே ஊரில் மீண்டும் நிகழ்த்தினார். பங்கேற்ற சுமார் ஆயிரம் பேரில் இருநூறு பேர் அளவில் முன்னாள் சுரங்கத் தொழிலாளர்கள். அன்றைக்கு அடி வாங்கியவர்களே வந்து நின்ற இடத்தில், காட்சி எப்படி இருந்தது என்பதை இன்னொருவர் சொல்லித்தர முடியாது. அருங்காட்சியகக் கூடத்தில் நடந்த காரியம் இல்லை. ஆனால் அதன் ஆவணத் தொகுப்பு இன்று டேட்டின் சேகரிப்பில் இருக்கிறது.

இந்த இரண்டிலும் கலைஞர்தான் வடிவத்தைத் தீர்மானித்தார். மக்களிடம் கேட்டால் படைப்புச் சுதந்திரம் போய்விடும் என்று இளம் கலைஞர்கள் என்னிடம் அடிக்கடி அஞ்சுவதால் இதைச் சொல்கிறேன். மேசைகளை எப்படிப் போடுவது என்று லேசி அந்தப் பெண்களிடம் வாக்கெடுப்பு நடத்தியிருக்க வேண்டியதில்லை. மேசையில் என்ன பேசுவது என்பது அவர்களுடையதாக இருந்தது.

இனி பணம். கைத்தறியிலும் கொலுசிலும் கூலி பெரும்பாலும் வேலைக் கணக்கில்தான். செய்த அளவுக்குக் காசு. சேலம் அம்மாபேட்டையில் ஒரு நெசவாளர் மூன்று நாள் ஒத்திகைக்கு வந்தால் மூன்று நாள் தறி நிற்கிறது. பாவு புணைப்பதற்கும் நூல் சுற்றுவதற்கும் கூட இருக்கும் மனைவியின் வேலையும் சேர்ந்து நிற்கிறது. ஆகவே ஒருவருக்குப் பயணப்படி என்பது கணக்கே இல்லை. நின்ற தறிக்குக் கூலி, வந்தவருக்குச் சன்மானம், இரண்டும் தனித்தனி. மேடையில் ஆடும் நடனக் கலைஞருக்கு ஒத்திகை நாளுக்குப் பணம் கொடுக்கிற நிறுவனம், அவருக்குப் பக்கத்தில் தறி ஓட்டுகிறவருக்குச் சான்றிதழும் டிபன் பொட்டலமும் கொடுப்பதை நான் பார்த்திருக்கிறேன். கணக்குப் பிரிவு கூத்து வாத்தியாரிடம் ஜிஎஸ்டி எண் கேட்டதும் உண்டு. பணம் தருவதாக முடிவெடுத்துவிட்டால் அவர் கையில் சேரும் வழியையும் முன்பே யோசித்து வைப்பது நிறுவனத்தின் பொறுப்பு.

நேரமும் பணம்தான். நியூயார்க்கில் மியர்ல் லேடர்மன் யூகலஸ் என்ற கலைஞர் 1979 முதல் 1980 வரை நகரத்தின் துப்புரவுத் தொழிலாளர்கள் 8,500 பேரையும் நேரில் சந்தித்துக் கைகுலுக்கி நன்றி சொன்னார். அதற்காக அவர்தான் அவர்களுடைய வேலை நேரத்துக்கும் இடத்துக்கும் போனார். இங்கே, விசைத்தறி ஷிப்டில் இருப்பவர்களை மாலை நான்கு மணிக் கலந்துரையாடலுக்கு அழைத்துவிட்டு, மக்களுக்கு ஆர்வமில்லை என்று எழுதுகிறார்கள்.

அழைக்கப்படுகிறவர்களுக்கு இப்போது. உங்கள் ஆட்டமோ பாட்டோ பதிவு செய்யப்பட்டால் அதில் உங்களுக்குச் சட்டப்படி உரிமை இருக்கிறது. இந்தியப் பதிப்புரிமைச் சட்டம், 1957, நிகழ்த்துகிறவர் யார் என்று சொல்லும் பட்டியலில் நடிகர், பாடகர், இசைக்கலைஞர், நடனக் கலைஞர், கழைக்கூத்தாடி, செப்படி வித்தைக்காரர், பாம்பாட்டி வரை பெயர் சொல்லி, நிகழ்த்துகிற மற்ற எவரும் என்று முடிக்கிறது. இந்த உரிமை ஐம்பது ஆண்டுக் காலத்துக்கு உண்டு. 2012-இல் வந்த திருத்தத்துக்குப் பிறகு, நிகழ்த்தியவர் இன்னார் என்று பெயர் சொல்லப்படவும், தன் நற்பெயர் கெடும்படி அதைச் சிதைத்தால் தடுக்கவும் உரிமை இருக்கிறது. தறி ஓட்டுவது நிகழ்த்துவதாகுமா என்று வழக்கறிஞர்கள் வாதாடட்டும். விளக்குப் போட்டு, டிக்கெட் விற்று, பார்வையாளர் முன் ஓட்டச் சொன்னால் அதை வேறு என்னவென்று சொல்வது?

ஆகவே கையெழுத்துப் போடும் முன், ஒப்பந்தத் தாளைத் தமிழில் கேளுங்கள். ஆங்கிலத் தாளில் ‘எல்லா ஊடகங்களிலும், என்றென்றைக்கும்’ என்ற பொருளில் ஒரு வரி அநேகமாக இருக்கும். அதை அடித்துவிட்டு, இந்த நிகழ்ச்சிக்கும் அதன் காப்பகத்துக்கும் மட்டும் என்று எழுதச் சொல்லலாம், பெரும்பாலும் ஒத்துக்கொள்வார்கள். யாரும் கேட்காததால்தான் அந்த வரி அங்கே உட்கார்ந்திருக்கிறது. பதிவின் ஒரு பிரதி கிடைக்குமா, வேறு நாட்டில் காட்டினால் சொல்வார்களா, பெயர்ப் பலகையில் உங்கள் பெயர் வருமா அல்லது ‘சேலம் நெசவாளர்கள்’ என்று மொத்தமாக முடித்துவிடுவார்களா என்றும் கேளுங்கள். சிவதாபுரத்துக் கொலுசுப் பட்டறையில் பதிவு செய்த ஓசைக்கும் இது பொருந்தும். குழந்தைகளைப் படம் எடுத்தால் பெற்றோரின் சம்மதம் எழுத்தில் வேண்டும். பள்ளித் தலைமையாசிரியர் சரி என்றால் போதாது.

ஏற்காட்டுக்கு வருகிறவர்கள் வேறு சில சிக்கல்களைக் கொண்டுவருகிறார்கள். சேர்வராயன் மலையில் வாழும் மலையாளிப் பழங்குடியினர் தமிழ் பேசுகிறவர்கள். பெயரைப் பார்த்துவிட்டுக் கேரளத்திலிருந்து வந்தவர்கள் என்று நினைத்து மொழிபெயர்ப்பாளரோடு வந்த குழுவும் உண்டு. சேர்வராயன் கோயில் மலை உச்சியின் குகைக்குள் இருக்கிறது. மே மாதத் திருவிழாவுக்கு மலைக் கிராமங்களிலிருந்தெல்லாம் வருகிறார்கள். அங்கே ஒலிப்பதிவுக் கருவியோடு நேராக நுழைந்து, பிறகு அந்தப் பாட்டை மின்னணு இசையோடு கலந்து நகரத்துக் கூடத்தில் ஒலிக்கவிட்டால், அது அழகாகவே இருக்கலாம். கேட்டு வாங்கியதாக இருக்காது. சில பாட்டுகள் அந்த இடத்துக்கும் அந்த நாளுக்கும் மட்டும் உரியவை என்று ஊரார் சொன்னால் அத்துடன் விட்டுவிட வேண்டும். ஊர்ப் பெரியவர்களிடம் கேட்டுவிட்டோம் என்பதும் பாதி வேலைதான். பாடுகிறவர் ஒரு பெண் என்றால் அவரிடமே, முடிந்தால் மற்ற பெண்கள் உடனிருக்கும்போது, கேட்க வேண்டும். கூட்டத்தில் எல்லோர் முன்னாலும் ‘முடியாது’ என்று சொல்ல அவரால் இயலாமல் போகும்.

சர்வதேச அருங்காட்சியக மன்றம் 2022 ஆகஸ்டில் பிராக் நகரில் ஏற்றுக்கொண்ட புதிய வரையறையில், அருங்காட்சியகங்கள் சமூகங்களின் பங்கேற்புடன் இயங்குகின்றன என்ற சொற்கள் இடம்பெற்றிருக்கின்றன. நல்ல சொற்கள். விண்ணப்பங்களில் இப்போது அடிக்கடி மேற்கோளாக வருகின்றன. நிதிநிலைத் தாளைத் திறந்து பார்த்தால் விளம்பரத் தலைப்பின் கீழ் ‘சமூகப் பங்கேற்பு’ ஒரு துணை வரியாக இருக்கும். அந்த வரி படைப்புச் செலவின் கீழ் போனால், மற்ற பலவும் தானாகவே மாறத் தொடங்கும்: படைப்புச் செலவு என்றால் ஒத்திகைக்கு முன்பே அதை எடுத்தாக வேண்டும்.

நிகழ்ச்சிக்குப் பிறகு என்ன என்பதும் அந்தத் தாளில் இருக்கட்டும். பங்கேற்றவர்களின் தெருவில், ஒரு திருமண மண்டபத்திலோ கோயில் திடலிலோ, பதிவைத் திரையிட்டுக் காட்ட அதிகம் செலவாகாது. அங்கே கிடைக்கும் விமர்சனம் அருங்காட்சியகத்தில் கிடைத்த ‘நன்றாக இருந்தது’ போல இருக்காது. தறியைத் தப்பாக வைத்திருக்கிறீர்கள், அந்த வெளிச்சத்தில் எவன் நெய்வான் என்பார்கள். அதைக் குறித்துக்கொள்ள ஒருவரை அனுப்புங்கள்.

கடைசியாகத் தேதி பற்றி. ஆடியில் குகைப் பக்கம் ஒத்திகை வைக்காதீர்கள். யாரும் வரமாட்டார்கள், வரவும் வேண்டாம். தீபாவளிக்கு முந்தைய வாரங்களில் கொலுசுப் பட்டறைகளை விட்டுவிடுங்கள். ஏற்காட்டில் நவம்பரிலிருந்து காபிப் பழம் பறிக்கும் காலம். தோட்ட வேலைக்குப் போகிறவர்களுக்கு அப்போது பகல் கிடையாது. கூத்து ஜமாக்களுக்கு மாரியம்மன் பண்டிகை மாதங்களில் ஏற்கெனவே அச்சாரம் வாங்கிய ஊர்கள் இருக்கும். இத்தனையும் போக மீதி நாட்களில் ஒன்றை அவர்களே சொல்வார்கள். அதைப் போஸ்டரில் போடுங்கள்.