மியூசியத்துல ஏன் இவ்ளோ இருட்டுன்னு கோவிச்சுக்காதீங்க

பிரிட்டிஷ் மியூசியத்துல ஒரு எகிப்து பாபிரஸ் (கோரைத்தண்டுல செஞ்ச அந்தக் காலத்துக் காகிதம்) துண்டு இருக்கு, அதுல சிங்கமும் மானும் எதிரெதிரா ஸ்டூல்ல உக்காந்து செனெட்ங்கிற காய் நகர்த்துற ஆட்டம் ஆடிக்கிட்டு இருக்கும், அந்தப் பக்கம் பூனை ஒண்ணு வாத்துக்கூட்டத்த மேய்ச்சுக்கிட்டுப் போகும். வரைஞ்சு 3,000 வருஷத்துக்கு மேல ஆச்சு.

பழைய காகிதம், பாபிரஸ் இதையெல்லாம் பராமரிக்கிற கன்சர்வேஷன் வேலை என்னோடது. இந்த மாதிரி துண்டுகள காட்சிக்கு வச்சாலே வர்ற முதல் புகார், "ஒண்ணுமே தெரியல, லைட்ட கூட்டுங்க". கரண்ட் பில்லுக்காக யாரும் லைட்ட குறைக்கலங்க.

அந்தக் காலத்து பெயின்ட்ல கறுப்புன்னா கரி, சிவப்புன்னா காவி மண்ணு, நீலம் வந்து மணல், சுண்ணாம்பு, செம்பு எல்லாம் சேத்து சூளையில சுட்டெடுத்தது, இதெல்லாம் வெளிச்சத்துக்கு அவ்ளோ சீக்கிரம் அசையாது. சிக்கல் மஞ்சள்லதான். நிறைய சுருள்கள்ல அது அரிதாரம், நம்ம சித்த மருத்துவத்துல தாளகம்னு சொல்வாங்களே அதே ஆர்செனிக் கல்லு. மைக்ராஸ்கோப்புல பாத்தா தங்கத் தகட்ட நொறுக்கிப் போட்ட மாதிரி மினுங்கும், அவ்ளோ அழகு. வெளிச்சம் பட்டுக்கிட்டே இருந்தா அது கொஞ்சம் கொஞ்சமா நிறமே இல்லாத ஆர்செனிக் ஆக்சைடா மாறிடும். அதோட தம்பி மனோசிலை, அதுவும் ஆர்செனிக் கல்லுதான், இன்னும் மோசம், செக்கச்செவேல்னு இருந்தது மஞ்சளாகி பொடியா உதிரும், அப்புறம் பாக்குறவங்க ஆரம்பத்துலேருந்தே மஞ்சள்னு நினைச்சுக்குவாங்க.

1888ல பிரிட்டிஷ் மியூசியத்துக்காக வாலிஸ் பட்ஜ்ங்கிறவர் எகிப்துல வாங்குன ஆனியோட சுருள் (ஆனிங்கிற எழுத்தரோட கல்லறைக்காக எழுதுன பாபிரஸ்) சுமார் 24 மீட்டர் நீளம், அத அவர் 37 துண்டா வெட்டினாரு. எனக்கு அது இன்னிக்கும் வயித்தெரிச்சல்தான், ஆனா வெட்டுன துண்டுகள வரிசையா பக்கத்துல பக்கத்துல வச்சாவது படிச்சிடலாம். வெளுத்துப்போன மஞ்சள என்ன பண்ணாலும் திரும்பக் கொண்டுவர முடியாது, மேல புதுசா பெயின்ட் அடிச்சா அது நம்ம படம், அவங்க படம் இல்ல.

அதனாலதான் மியூசியத்துல வெளிச்சம் 50 லக்ஸ், லக்ஸ்ங்கிறது வெளிச்சத்த அளக்குற அலகு. நேரடி வெயில் 1,00,000 லக்ஸ் வரைக்கும் போகும், அப்போ ஒரு மணி நேர வெயிலும் 2,000 மணி நேர மியூசியம் வெளிச்சமும் ஒண்ணு, தினம் 8 மணி நேரம் திறந்து வச்சா 250 நாள். உள்ள எடுத்து வச்சு ரெஸ்ட் குடுத்தா சரியாயிடும்னும் இல்ல, பட்டது பட்டதுதான், கணக்குல ஏறிக்கிட்டே இருக்கும். நாலஞ்சு மாசம் காட்டிட்டு நாங்க திரும்ப டப்பாக்குள்ள வைக்கிறது அந்தக் கணக்க மெதுவாக்கத்தான்.

வெயில்லேருந்து உள்ள வந்ததும் பளிச்சுனு எதுவும் தெரியாது. செல்போன் டார்ச்ச தயவுசெஞ்சு அடிக்காதீங்க. ஒரு அஞ்சு நிமிஷம் சும்மா நில்லுங்க, கண்ணு தானா பழகிக்கும், முதல்ல கறுப்புக் கோடு தெரியும், அப்புறம் சிங்கத்தோட பிடரி, அப்புறம் அது கையில தூக்கிப் பிடிச்சிருக்கிற காய்.