விபத்தில் அடிபட்டவரைத் தூக்கினால் போலீஸ் நம்மைத் தேடி வருமா?

சாலையில் ஒருவர் அடிபட்டுக் கிடப்பார். சுற்றிலும் கூட்டம் நிற்கும். "போலீஸ் கேஸ் ஆகிடும், நமக்கு எதுக்கு வம்பு" என்று யாராவது ஒருவர் சொல்லிவிட்டால் போதும், குனிந்தவரும் நிமிர்ந்துவிடுவார். இந்தப் பயம் சும்மா வந்ததில்லை. தூக்கிக்கொண்டு போனவரையே ஸ்டேஷனுக்கு வரச்சொல்லி உட்கார வைப்பது, வாய்தாவுக்கு அலையவிடுவது, ஆஸ்பத்திரியில் முன்பணம் கட்டச்சொல்வது எல்லாம் நடந்தவைதான்.

ஆனால் சட்டம் மாறிவிட்டது. உதவ வருகிறவர்களைக் காக்க மத்திய அரசு 2015-இல் வெளியிட்ட வழிகாட்டுதல்களுக்கு 2016 மார்ச் 30 அன்று உச்ச நீதிமன்றம் சட்டத்தின் பலத்தைக் கொடுத்தது. 2019-இல் மோட்டார் வாகனச் சட்டத்தைத் திருத்தியபோது 134ஏ என்று தனிப்பிரிவே சேர்த்தார்கள். 2020 செப்டம்பரில் அதற்கான விதிகளும் வந்தன.

134ஏ சொல்வது இதுதான். எந்தப் பலனையும் எதிர்பார்க்காமல், நல்லெண்ணத்தோடு, தானாக முன்வந்து விபத்தில் சிக்கியவருக்கு உதவுகிறவர் 'நல்ல சமாரியர்'. முதலுதவி செய்தாலும் சரி, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனாலும் சரி. அப்படி உதவும்போது கவனக்குறைவாக ஏதோ தவறு நேர்ந்து, அதனால் காயம் கூடினாலோ உயிரே போனாலோ அவர் மீது சிவில் வழக்கும் கிடையாது, கிரிமினல் வழக்கும் கிடையாது.

அடுத்தது, பேரும் ஊரும். பெயர், முகவரி, போன் நம்பர் எதையும் சொல்லும்படி போலீஸோ வேறு யாருமோ கட்டாயப்படுத்த முடியாது. விருப்பம் இருந்தால் சொல்லலாம். கொண்டுவந்து சேர்த்தாயிற்று, நான் கிளம்புகிறேன் என்றால் கிளம்ப வேண்டியதுதான். மிரட்டிப் பெயரை வாங்கினால் அந்த அதிகாரி மீது துறைரீதியான நடவடிக்கை எடுக்க இடமிருக்கிறது.

ஆஸ்பத்திரிக்கும் கடிவாளம் உண்டு. நீங்கள் அடிபட்டவரின் சொந்தக்காரராக இல்லாதபோது, பதிவுக்கோ அட்மிஷனுக்கோ உங்களிடம் பணம் கேட்கக் கூடாது, நிறுத்திவைக்கவும் கூடாது. இந்த உரிமைகளை ஹிந்தி, ஆங்கிலம், வட்டார மொழி மூன்றிலும் வாசலிலோ கண்ணில் படும் இடத்திலோ எழுதி வைக்க வேண்டும் என்றும் விதி சொல்கிறது. அடுத்த முறை போகும்போது அந்தப் பலகை இருக்கிறதா என்று பாருங்கள், இல்லையென்றால் கேளுங்கள். சிகிச்சையைப் பொறுத்தவரை, அரசு டாக்டரோ தனியார் டாக்டரோ, சட்டச் சடங்குகளுக்காகக் காத்திருக்காமல் உயிரைக் காப்பாற்ற முயல வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1989-இலேயே சொல்லிவிட்டது. "முதல்ல எஃப்.ஐ.ஆர். கொண்டு வாங்க" என்று திருப்பி அனுப்பச் சட்டத்தில் இடமில்லை.

செலவுக்கும் வழி இருக்கிறது. தமிழ்நாட்டு எல்லைக்குள் நடக்கும் விபத்துகளுக்காக 2021 டிசம்பரில் 'இன்னுயிர் காப்போம்' திட்டம் தொடங்கியது. அடிபட்டவர் எந்த மாநிலத்துக்காரர் ஆனாலும், பட்டியலில் உள்ள ஆஸ்பத்திரிகளில் முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்கானது அது. மத்திய அரசு 2025 மே மாதம் அறிவித்த திட்டத்தில் 7 நாள் வரை, ஒன்றரை லட்சம் ரூபாய் வரை கட்டணமில்லாச் சிகிச்சை.

சாட்சி சொல்வதும் உங்கள் விருப்பம்தான். ஒப்புக்கொண்டால், உங்களுக்குத் தோதான இடத்திலும் நேரத்திலும், வீட்டிலோ கடையிலோ கூட, ஒரே தடவையில் வாக்குமூலத்தை முடித்துக்கொள்ள வேண்டும். வரும் போலீஸ்காரர் சீருடை இல்லாமல் வர வேண்டும் என்பது வரை விதியில் இருக்கிறது. விதியை எழுதியவருக்கு அக்கம்பக்கத்து வாய் எப்படிப்பட்டது என்று தெரிந்திருக்கிறது.

இந்தப் பாதுகாப்பு எதுவரை என்பதையும் தெரிந்துகொள்ள வேண்டும். இடித்த வண்டியின் டிரைவருக்கு இது பொருந்தாது. கூட்டம் அடிக்க வருவது போன்ற காரணம் இல்லாதவரை, அடிபட்டவரைச் சிகிச்சைக்குச் சேர்ப்பது 134-ஆம் பிரிவின்படி அவருடைய கடமை. அப்புறம், 134ஏ மோட்டார் வாகன விபத்துக்கு மட்டும்தான். பஸ் ஸ்டாண்டில் ஒருவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தால் அது இதில் வராது. அங்கே, பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 30-ஆம் பிரிவு துணை நிற்கும்: சம்மதம் கேட்க வழியில்லாத நிலையில், ஒருவரின் நன்மைக்காக நல்லெண்ணத்தோடு செய்த செயல் குற்றமாகாது.

சம்பளத்துக்கு வேலை பார்க்கும் 108 ஆம்புலன்ஸ் ஊழியர்களின் நிலை வேறு. தானாக முன்வந்தவர் என்ற வரையறைக்குள் அவர்கள் வரமாட்டார்கள். பயிற்சிக்கு ஏற்ற கவனம் அவர்களிடம் எதிர்பார்க்கப்படும். நினைவோடு இருக்கும் பெரியவர் ஒருவர் "வேண்டாம், நான் வரல" என்றால் இழுத்துப் போக முடியாது. ஆபத்தை எடுத்துச் சொல்லி, மறுத்ததை எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொள்வதுதான் முறை. ஏற்றிய நோயாளியை டாக்டரிடமோ நர்ஸிடமோ ஒப்படைக்கும் வரை விட்டுவிட்டுப் போகக் கூடாது. நாடித்துடிப்பு, ரத்த அழுத்தம், கொடுத்த மருந்து எல்லாம் நேரத்தோடு தாளில் ஏற வேண்டும். பின்னால் கேள்வி வந்தால் அந்தத் தாள்தான் பேசும்.

பாதுகாப்பு விஷயத்தில் இரு தரப்புக்கும் ஒரே பாடம்: முதலில் உங்கள் உயிர். அறுந்த மின்கம்பி கிடக்கிறதா, பெட்ரோல் ஒழுகுகிறதா, பின்னால் வண்டிகள் வேகமாக வருகின்றனவா என்று பார்த்துவிட்டுக் கிட்டே போங்கள். 108-க்கு இடத்தைச் சொல்லும்போது கிலோமீட்டர் கல், பாலம், பெட்ரோல் பங்க் என்று அடையாளம் சொல்லுங்கள். தீப்பிடிக்கும் ஆபத்து மாதிரி ஏதும் இல்லாவிட்டால் அசைக்க வேண்டாம், கழுத்தெலும்பு அடிபட்டிருக்கலாம். மூச்சு சரியாக இருக்கும்வரை ஹெல்மெட்டையும் கழற்ற வேண்டாம். தண்ணீர் ஊற்றாதீர்கள், மயங்கியவருக்குப் புரையேறிவிடும். ரத்தம் கொட்டினால் சுத்தமான துணியை வைத்து விடாமல் அழுத்துங்கள். கையுறை இல்லையென்றால் பிளாஸ்டிக் பையையாவது கையில் மாட்டிக்கொள்ளுங்கள்.

ஊழியர்களுக்கு ஹெபடைடிஸ் பி தடுப்பூசி கட்டாயம் போட்டிருக்க வேண்டும். பயன்படுத்திய ஊசிக்குத் திரும்ப மூடி போடக் கூடாது, அப்படியே குத்துப்படாத வெள்ளை டப்பாவில் போட வேண்டும். ஊசி குத்திவிட்டாலோ, திறந்த புண்ணிலோ கண்ணிலோ ரத்தம் பட்டாலோ, சோப்பும் தண்ணீரும் கொண்டு புண்ணைக் கழுவி, கண்ணை வெறும் தண்ணீரில் அலசி, உடனே டாக்டரைப் பார்க்க வேண்டும். எச்.ஐ.வி. தடுப்பு மருந்தை 72 மணி நேரத்துக்குள் தொடங்கியாக வேண்டும், முதல் சில மணி நேரத்திலேயே என்றால் இன்னும் நல்லது.