‘வேணும்னேதான் பண்றான் மேடம்’

போன வாரம் மட்டும் இந்த வாக்கியத்தை நான்கு முறை கேட்டேன். நான்காவதாகச் சொன்னவர் ஓர் அப்பா. பக்கத்தில் அம்மா முந்தானையை இழுத்து இழுத்து முன்கையை மூடிக்கொண்டே இருந்தார். கேட்டபிறகுதான் காட்டினார். பல் பதிந்த அரைவட்டங்கள், ஒன்று மஞ்சள் பூத்து ஆறிக்கொண்டிருந்தது, இன்னொன்று முந்தின நாளுடையது. பையனுக்கு ஏழு வயது, இரண்டாம் வகுப்பு, அதற்குள் மூன்றாவது பள்ளி. இந்தப் பள்ளியும் டி.சி. வாங்கிக்கொள்ளச் சொன்னபிறகுதான் என்னிடம் வந்திருக்கிறார்கள். அதற்கு முன் மந்திரித்துக் கயிறு கட்டியாயிற்று, பெல்ட்டை எடுத்தாயிற்று, ஹாஸ்டல் விசாரித்தாயிற்று, மூளையைச் சுறுசுறுப்பாக்கும் ஏதோ ஒரு வகுப்புக்குப் பணமும் கட்டியாயிற்று.

“வேணும்னேதான் பண்றான் மேடம். என் முன்னாடி வாலாட்ட மாட்டான். எல்லாம் இவகிட்டதான். அப்ப அவனால கன்ட்ரோல் பண்ண முடியுதுன்னுதானே அர்த்தம்?”

மதுரையில் மருத்துவ உளவியலாளராக இருக்கிறேன், பெரும்பாலும் குழந்தைகள்தான் வருவார்கள். இங்கே நான் குறிப்பிடும் பிள்ளைகளை யாரென்று கண்டுபிடிக்க முடியாதபடி விவரங்களை மாற்றியிருக்கிறேன். ஆனால் அந்த அப்பாவின் கேள்வியில் ஓர் எழுத்தைக்கூட மாற்றவில்லை. மாற்றவும் தேவையில்லை, எல்லா அப்பாக்களும் இதையேதான் கேட்கிறார்கள்.

சரி, பொறுமையாகவே பதில் சொல்கிறேன். ஆபீசில் மேனேஜர் எல்லார் முன்னாலும் கத்தும்போது பல்லைக் கடித்துக்கொண்டு ‘ஓகே சார்’ என்று சொல்லிவிட்டு, ராத்திரி வீட்டுக்கு வந்து ரசத்தில் உப்பு தூக்கல் என்று தட்டைத் தள்ளிவிட்டவர்கள் நம்மில் எத்தனை பேர்? மேனேஜரிடம் அடக்க முடிந்தது, மனைவியிடம் முடியவில்லை. அப்படியானால் பஸ்ஸில் வரும்போதே திட்டம் போட்டுத்தான் தட்டைத் தள்ளினீர்களா? இல்லையே. பகல் முழுக்கப் பிடித்து வைத்திருந்தது, இவள் நம்மை விட்டுப் போய்விட மாட்டாள் என்று தெரிந்த இடத்தில் வந்து கொட்டிவிட்டது. நாற்பது வயதில் நமக்கே இந்த லட்சணம் என்றால், வாயைத் திறந்து ‘எனக்குக் கஷ்டமா இருக்கு’ என்று சொல்லத் தெரியாத ஏழு வயதுக்காரனிடம் என்ன எதிர்பார்க்கிறோம்? அப்பா முன்னால் அவன் அடங்கியிருப்பதற்குப் பெயர் பயம். கோபத்தைக் கையாள அவன் இன்னும் கற்றுக்கொள்ளவில்லை. அப்பாவின் பைக் சத்தம் கேட்டால் எந்த மூலையில் போய் உட்காரவேண்டும் என்பதைத்தான் கற்றுக்கொண்டிருக்கிறான். நேற்று சமாளித்தவன் இன்று ஏன் சமாளிக்கவில்லை என்பதும் இதே கதைதான்: தூக்கம், பசி, சத்தம், வகுப்பில் பட்ட அவமானம், எல்லாம் சேர்ந்து ஒரு நாள் தாங்கும், ஒரு நாள் தாங்காது. அம்மாவிடம் மட்டும் கடிக்கிறான் என்பதால் அம்மா செல்லம் கொடுத்துக் கெடுத்துவிட்டாள் என்று தீர்ப்பு எழுதாதீர்கள்.

அம்மாவைக் குற்றவாளி ஆக்குவதில் எங்கள் துறைக்கும் பங்கு உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவில் 1950களிலும் 60களிலும் புரூனோ பெட்டல்ஹைம் போன்றவர்கள், பேசுவதிலும் பிறரோடு பழகுவதிலும் சிரமம் தரும் ஆட்டிசம், தாயின் பாசம் வறண்டுபோனதால்தான் வருகிறது என்று பரப்பினார்கள். 1964இல் பெர்னார்ட் ரிம்லண்ட் என்ற உளவியலாளர், அவரே ஆட்டிசம் உள்ள ஒரு பையனின் அப்பா, இது தாய் செய்த தப்பல்ல, மூளை வளர்ச்சி சம்பந்தப்பட்டது என்று ஆதாரங்களோடு எழுதினார். அறுபது வருடம் ஆகிவிட்டது, செய்தி இன்னும் எங்கள் ஊர் அப்பத்தாக்களுக்கு வந்து சேரவில்லை. சில தலைமை ஆசிரியர்களுக்கும்தான்.

என்னிடம் வருபவர்களுக்கு நான் முதலில் கொடுக்கும் வேலை, நாற்பது பக்க நோட்டு ஒன்று வாங்குவது. பக்கத்தை மூன்றாகக் கோடு போடுங்கள்: முன்னால் என்ன நடந்தது, பிள்ளை என்ன செய்தான், அதற்கப்புறம் என்ன நடந்தது. நேரமும் எழுதவேண்டும். ‘ரவுடித்தனம் பண்ணினான்’ என்று எழுதினால் நோட்டைத் திருப்பிக் கொடுத்துவிடுவேன். ‘தம்பி கையைக் கடித்தான், காலை 8.10’ என்று எழுதுங்கள். ரவுடித்தனம் என்பது உங்கள் கருத்து, கடித்தான் என்பதுதான் நடந்தது.

சில வருடங்களுக்கு முன் மூன்றாம் வகுப்புப் பையன் ஒருவன், பக்கத்துப் பிள்ளைகளை ஸ்கேலால் அடிக்கிறான் என்று வந்தான். அவனுடைய வகுப்பு டீச்சர் தங்கமானவர், இரண்டு வாரம் நோட்டு எழுதினார். பதினொரு சம்பவங்கள். அதில் ஒன்பது, எழுந்து நின்று சத்தமாகப் படிக்கச் சொல்லும் பீரியடில், அவன் முறை வருவதற்கு இரண்டு மூன்று பிள்ளைகள் முன்னால். மூன்றாவது கட்டத்தில் ஒன்பது முறையும் ஒரே வரி: ‘வெளியே நிற்க வைத்தேன்.’ வராந்தாவில் காற்று வரும், வாட்ச்மேன் தாத்தா பேச்சுக் கொடுப்பார், படிக்கவேண்டியதில்லை. நாம் தண்டனை என்று நினைத்துக் கொடுத்ததை அவன் ஸ்கேலைக் காட்டி வாங்கிக்கொண்டிருந்தான். எட்டு வயதில் அவனுக்கு எழுத்துக்கூட்டவே வரவில்லை. முட்டாள் என்று நாற்பது பிள்ளைகள் சிரிப்பதைவிட ரவுடி என்று பெயர் வாங்குவது அவனுக்குச் சுலபமாக இருந்தது. அப்புறம் செய்தது ஸ்கேலைப் பிடுங்கும் வேலையே இல்லை. சிறப்பு ஆசிரியரிடம் வாசிப்புப் பயிற்சிக்கு அனுப்பினோம், வகுப்பில் சத்தமாகப் படிப்பதிலிருந்து கொஞ்ச காலம் விலக்குக் கேட்டோம், ‘எனக்கு இப்ப முடியல மிஸ்’ என்று காட்ட ஒரு சிவப்பு அட்டை கொடுத்தோம். அடிப்பது ஒரே நாளில் நின்றுவிடவில்லை. ஆனால் நின்றது.

உடம்பை மறந்துவிடாதீர்கள். இதைச் சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலிக்கிறது. பேச்சு வராத நான்கு வயதுப் பெண் குழந்தை திடீரென்று சுவரில் தலையை மோதிக்கொள்ள ஆரம்பித்தாள், மூன்று மாதம் வேப்பிலை அடித்திருக்கிறார்கள். வாயைத் திறந்து டார்ச் அடித்துப் பார்த்தால் கடைவாய்ப்பல் சொத்தையாகிக் குழிவிழுந்து கிடக்கிறது. காதில் சீழ், மலச்சிக்கல், மூக்கடைத்துத் தூக்கம் கெடுவது, காது சரியாகக் கேட்காதது, சில நொடி வெறித்துப் பார்த்து நின்றுவிடும் வலிப்பு, இவையெல்லாம் ‘சேட்டை’ என்ற பெயரில் என் அறைக்குள் வந்திருக்கின்றன. ஆகவே என்னிடம் வருவதற்கு முன்னால் குழந்தை மருத்துவரிடம் போங்கள், இதில் எனக்கு எந்த ஈகோவும் இல்லை. அதேபோல், அதுவரை சாதுவாக இருந்த பிள்ளை ஓரிரு வாரத்தில் ஆளே மாறிவிட்டால், ஒரு குறிப்பிட்ட ஆளையோ இடத்தையோ கண்டு நடுங்கினால், அடிக்காமல் மெதுவாகக் கேளுங்கள். யாரோ எதையோ செய்திருக்கலாம். 1098 என்ற குழந்தைகள் உதவி எண் அதற்காகவும்தான் இருக்கிறது.

‘கண்டுக்காம விட்டுப் பாத்தாச்சு மேடம், இன்னும் ஜாஸ்தியாச்சு’ என்பார்கள். ஆகும். அழுதால் போன் கிடைக்கும் என்று பழகிய பிள்ளைக்குப் போன் கொடுப்பதை நிறுத்தினால், முதல் சில நாள் முன்னைவிடக் கூடுதலாகத்தான் கத்துவான். நீங்கள் மூன்று நாள் தாங்கிவிட்டு, நான்காவது நாள் பக்கத்து வீட்டுக்காரர் எட்டிப்பார்க்கிறார் என்று போனை நீட்டினால், எவ்வளவு கத்தினால் கிடைக்கும் என்பதற்குப் புது விலை நிர்ணயம் பண்ணிக் கொடுத்துவிட்டீர்கள். தாங்க முடியாது என்று தோன்றினால் ஆரம்பிக்கவே வேண்டாம். ஆரம்பித்தால் வீட்டில் எல்லாரும் ஒரே கட்சி, தாத்தா உட்பட. இன்னொன்று, அடம் வேறு, உடைந்துபோவது வேறு. அடம்பிடிக்கும் பிள்ளை ஓரக்கண்ணால் நீங்கள் பார்க்கிறீர்களா என்று பார்ப்பான், கேட்டது கிடைத்ததும் நிறுத்திவிடுவான். கல்யாண மண்டபத்து மேளச் சத்தத்தில் காதைப் பொத்திக்கொண்டு கதறும் பிள்ளைக்கு நீங்கள் எதைக் கொடுத்தாலும் நிற்காது. அவனைக் கண்டுக்காமல் விடுவது சுத்தக் கொடுமை. வெளியே தூக்கிக்கொண்டு வாருங்கள், பேச்சைக் குறையுங்கள், அறிவுரை எல்லாம் நாளைக்கு.

தயவுசெய்து செய்யாதீர்கள் என்று கையெடுத்துக் கும்பிடும் விஷயங்கள் சில இருக்கின்றன. மிளகாய்ப் புகை போடாதீர்கள். கட்டி வைக்காதீர்கள், சூடு வைக்காதீர்கள். தூங்கட்டும் என்று சளி மருந்தை ஊற்றாதீர்கள், இது படித்த வீடுகளிலும் நடக்கிறது. டாக்டர் எழுதிக்கொடுத்த மாத்திரையை, யூடியூபில் யாரோ பயமுறுத்தினார் என்று நீங்களாக நிறுத்தாதீர்கள். ஏ.டி.எச்.டி., அதாவது கவனம் நிற்காமல் அளவுக்கு மீறித் துறுதுறுப்பாக இருக்கும் பிரச்சினை என்ற சந்தேகத்தோடு வரும் ஆறு வயதுக்குக் கீழான பிள்ளைகளுக்குப் பொதுவாக மாத்திரையில் ஆரம்பிப்பதில்லை, பெற்றோருக்கான பயிற்சிதான் முதலில். ‘பயிற்சி எனக்கா, அவனுக்கா?’ என்று முறைக்காமல் வந்து உட்காருங்கள்.

ஆறு மாதத்தில் ஆட்டிசத்தைக் குணப்படுத்துகிறோம் என்று போர்டு வைத்திருக்கும் இடத்தில் செருப்பைக்கூடக் கழற்றாமல் திரும்பி வந்துவிடுங்கள். உளவியலாளரோ சிறப்பு ஆசிரியரோ பேச்சுப் பயிற்சியாளரோ, இந்திய மறுவாழ்வு கவுன்சிலில், அதாவது ஆர்.சி.ஐ.யில் பதிவு செய்திருக்கிறாரா என்று நம்பரைக் கேளுங்கள். என்னிடமும் கேளுங்கள், கோபித்துக்கொள்ள மாட்டேன். உள்ளே என்ன நடக்கிறது என்று பார்க்கப் பெற்றோரை விடாத சென்டர் வேண்டாம். மூன்று மாதத்தில் எதை எதிர்பார்க்கலாம் என்று எழுதித் தராத சென்டரும் வேண்டாம். பணம் இல்லை என்றால், அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் டி.இ.ஐ.சி. எங்கே என்று கேளுங்கள். மாவட்ட ஆரம்பகால இடையீட்டு மையம் என்பது அதன் பெயர், பதினெட்டு வயது வரை இலவசமாகப் பார்ப்பார்கள். கூட்டம் இருக்கும், காத்திருக்க வேண்டிவரும், சாப்பாடு கட்டிக்கொண்டு போங்கள்.

பள்ளிகளுக்கு ஒரு வார்த்தை. 2009ஆம் வருடத்துக் கல்வி உரிமைச் சட்டத்தின் 16ஆவது பிரிவு, எட்டாம் வகுப்பு முடியும்வரை பிள்ளையை வெளியேற்றக் கூடாது என்கிறது, 17ஆவது பிரிவு அடிக்கவோ மனதைப் புண்படுத்தவோ கூடாது என்கிறது. ‘நாங்க அனுப்பல, அவங்களாத்தான் டி.சி. கேட்டாங்க’ என்ற கதை எனக்குத் தெரியும். அதே சமயம் ஐம்பது பிள்ளைகளை வைத்துக்கொண்டு தனியாக நிற்கும் டீச்சரிடம், பத்து நிமிட போன் பேச்சில் ‘அவனுக்குத் தனி கவனம் கொடுங்க’ என்று சொல்லிவிட்டு வைக்கும் எங்களைப் போன்றவர்கள்மீதும் தப்பு இருக்கிறது. வீட்டுக்கு ஸ்டார் ஒட்டும் சார்ட் ஒன்றைக் கொடுத்தனுப்புகிறோம், பிள்ளையைப் பகல் முழுக்கப் பார்த்துக்கொள்ளும் அப்பத்தாவுக்கு அது என்னவென்றே தெரியாது. அதனால்தான் இப்போதெல்லாம் முதல் தடவையே அப்பத்தாவையும் கூட்டிவரச் சொல்கிறேன். பழைய ரிப்போர்ட்டுகளும் வேண்டும், அப்பாவும் வேண்டும். அரை நாள் லீவு போடலாம்.

அந்த ஏழு வயதுப் பையனின் அப்பாவிடம் நோட்டைக் கொடுத்தபோது அம்மா கையை நீட்டினார். நான்தான் அப்பா எழுதட்டும் என்று சொன்னேன். மூன்று நாள் காலை ஷிப்ட் மாற்றிக்கொண்டு வீட்டில் இருந்திருக்கிறார். நேற்று ராத்திரி வாட்ஸ்அப்பில் முதல் பக்கத்தைப் போட்டோ எடுத்து அனுப்பியிருந்தார். ‘முன்னால்’ என்ற கட்டத்தில் மூன்று காலைக்கும் ‘ஒன்றும் இல்லை’ என்று எழுதியிருக்கிறார். மூன்றாவதை மட்டும் அடித்துவிட்டு, மேலே சின்ன எழுத்தில் ‘சட்னிக்கு மிக்ஸி ஓடியது’ என்று எழுதி, முதல் இரண்டுக்கும் பக்கத்தில் கேள்விக்குறி போட்டிருந்தார்.