கூரையில் நடக்கும் வீரனும் ஜன்னல் கண்ணாடிப் பல்லியும்

பதினோராம் வகுப்பு மாணவி ஒருவர் கடிதம் எழுதியிருக்கிறார். ஆங்கிலத்தில் தலையணை கனத்தில் ஒரு மாயக்கதை படிக்கிறாராம். அதில் வரும் வீரனுக்கு இரண்டு சக்திகள். ஒன்று, 'கீழே' என்பது எந்தப் பக்கம் என்பதையே மாற்றிவிடுவது. கூரையைக் கீழ் என்று நினைத்தால் கூரையில் நடப்பான். எதிர்ச் சுவரைக் கீழ் என்று நினைத்தால் அதை நோக்கி விழுவான். இன்னொன்று, எந்த இரண்டு பொருளையும் தொட்டுப் பிணைத்துவிடுவது. வேண்டாம் என்றால் பிணைப்பு அவிழ்ந்துவிடும். "இந்த இரண்டில் எது நிஜத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது?" என்று கேட்கிறார்.

முதலில் ஈர்ப்பு. கயிறு கட்டி ஒருவரை இழுத்தால் இடுப்பில்தான் பிடி விழும், மற்ற உடம்பு பின்னால் இழுபடும். ஈர்ப்பு அப்படி இழுப்பதில்லை. நகத்தின் நுனி, ரத்தத்தின் ஒவ்வொரு துளி, வயிற்றிலிருக்கும் காலைச் சாப்பாடு என எல்லா அணுவையும் ஒரே முடுக்கத்தில் இழுக்கிறது. அதனால் அந்த வீரன் எதிர்ச் சுவரை நோக்கி 'விழும்போது' அவன் உடம்புக்கு இழுக்கப்படும் உணர்வே இருக்காது. ராட்டினம் உச்சியிலிருந்து சரியும்போது அடிவயிறு மிதக்குமே, அந்த உணர்வுதான் இருக்கும். 5 விநாடியில், காற்றுத் தடையை விட்டுவிட்டால், மணிக்கு 176 கிலோமீட்டர் வேகம்.

எரிபொருள் எதுவும் செலவாகாமல் இந்தச் சக்தி கிடைத்தால் என்ன ஆகும்? கிணற்றுத் தண்ணீருக்கு 'மேலேதான் கீழ்' என்று சொல்லி மாடித் தொட்டிக்கு ஏற்றலாம். அங்கிருந்து சாதாரணமாக விழவிட்டு டர்பைன் சுற்றலாம். மறுபடி ஏற்றலாம். உலகத்துக்கே இலவச மின்சாரம்! ஆற்றல் அழியாமை விதி இதை விடாது. ஆகவே மந்திரத்துக்கு ஏதோ ஒன்று எரிந்து தீர வேண்டும் என்று விதி வைத்து எழுதுகிற கதாசிரியர்கள் மேல் எனக்குத் தனி மரியாதை உண்டு.

ஈர்ப்பின் திசையை மாற்ற நம்மிடம் எந்த வழியும் இல்லை. ஆனால் அதற்கு ஈடுகொடுத்து, அணு அணுவாக எதிர்த்துத் தள்ள ஒரு வழி உண்டு. தண்ணீரைக் காந்தம் மிக மிக லேசாக விலக்கும். 1997-ல் நெதர்லாந்தின் நைமேகன் நகரில் இயற்பியலாளர் ஆந்த்ரே கெய்மும் சக ஆய்வாளர்களும் சுமார் 16 டெஸ்லா காந்தப்புலத்தில் ஓர் உயிருள்ள தவளையை அந்தரத்தில் மிதக்கவிட்டார்கள். ஆஸ்பத்திரி எம்.ஆர்.ஐ. எந்திரத்தில் பொதுவாக 1.5 அல்லது 3 டெஸ்லாதான். தவளையின் உடம்பிலுள்ள நீர் மூலக்கூறு ஒவ்வொன்றும் தன் எடையைத் தானே சுமந்துகொண்டது. தவளைக்கு எந்தக் காயமும் இல்லை. முதல் சக்திக்கு நாம் போய்ச் சேர்ந்த தூரம் இவ்வளவுதான். ஒரு தவளைக்கே மெகாவாட் கணக்கில் மின்சாரம் வேண்டும்.

இரண்டாவது சக்தி நம் வீட்டிலேயே இருக்கிறது. ராத்திரி விளக்கைப் போட்டதும் ஜன்னல் கண்ணாடியின் வெளிப்பக்கம் பூச்சிக்காகப் பல்லி வந்து நிற்கும். உள்ளிருந்து அதன் பாதத்தைப் பாருங்கள். விரல்களின் அடியில் வெளிறிய வரிவரியான மடிப்புகள் தெரியும். அங்கே பசை கிடையாது. உறிஞ்சு கிண்ணமும் கிடையாது. காற்றை வெளியேற்றிய குடுவையிலும் பல்லி ஒட்டிக்கொண்டது. தலையில் தேய்த்த சீப்பு காகிதத்தை இழுக்குமே, அந்த நிலைமின்னாக இருக்குமோ என்று 1934-ல் டெலிட் என்ற ஜெர்மானியர் எக்ஸ்-கதிரால் சுற்றியிருந்த காற்றை அயனியாக்கிப் பார்த்தார். மின்னூட்டம் வடிந்துபோகும் அந்த நிலையிலும் பல்லி விழவில்லை.

அந்த மடிப்புகளில் நுண்மயிர்கள் அடர்ந்திருக்கின்றன. நம் நகத்தைப் போலவே கெரட்டின் வகைப் புரதத்தால் ஆனவை. தென்கிழக்காசியாவின் பெரிய டோக்கே பல்லியில்தான் இவற்றை நன்றாக அளந்திருக்கிறார்கள். ஒரு பாதத்தில் சுமார் 5 லட்சம் மயிர்கள். ஒவ்வொன்றும் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு நீளம். அதன் நுனி நூற்றுக்கணக்கான கிளைகளாகப் பிரிந்து, ஒவ்வொரு கிளையும் ஒரு தட்டையான கரண்டியில் முடிகிறது. கரண்டியின் அகலம் சுமார் 200 நானோமீட்டர் (ஒரு மில்லிமீட்டரில் பத்து லட்சத்தில் ஒரு பங்குதான் நானோமீட்டர்). சாதாரண நுண்ணோக்கியில் தெளிவாகத் தெரியாத அளவு!

ஏன் இத்தனை சிறிதாக வேண்டும்? எந்த இரண்டு மூலக்கூறுகளும் மிக நெருங்கினால் ஒன்றையொன்று லேசாக இழுக்கும். எலெக்ட்ரான்கள் ஒரு கணம் ஒரு பக்கமாக ஒதுங்கும், பக்கத்து மூலக்கூறின் எலெக்ட்ரான்கள் அதற்கேற்ப நகரும், அந்தக் கணத்தில் ஓர் இழுப்பு பிறக்கும். இதுதான் வாண்டர்வால்ஸ் விசை. இதற்குக் கூலி வேண்டாம், மந்திரம் வேண்டாம். ஆனால் சில நானோமீட்டர் விலகினாலே செத்துப்போகும். நம் உள்ளங்கையைச் சுவரில் வைத்தால் மேடுகள் மட்டும் அங்கங்கே தொடும், மற்ற இடமெல்லாம் இடைவெளி. பல்லியின் கரண்டிகளோ சுவரின் ஒவ்வொரு குழியிலும் புகுந்து படிகின்றன.

கெல்லர் ஆட்டம் (Kellar Autumn) என்ற அமெரிக்க உயிரியலாளரும் அவருடைய குழுவினரும் 2000-ல் ஒற்றை மயிரைப் பிடுங்கி அதன் பிடியை அளந்தார்கள். சுமார் 200 மைக்ரோநியூட்டன். அதாவது 20 மில்லிகிராம் எடையை, ஓர் எறும்பை, ஒரே மயிர் தாங்கும். நான்கு பாதங்களின் 20 லட்சம் மயிர்களைக் கொண்டு பெருக்கினால் 40 கிலோ வருகிறது. அது கணக்கு. எல்லா மயிரும் ஒரே நேரத்தில் பிடிப்பதில்லை. நிஜத்தில் முன்னங்கால் இரண்டும் சேர்ந்து சுமார் 2 கிலோ தாங்குவதாக அளந்திருக்கிறார்கள். 50 கிராம் உயிருக்கு அதுவே தாராளம். நான்ஸ்டிக் தோசைக்கல்லின் டெஃப்லான் பூச்சில் மட்டும், அது காய்ந்திருந்தால், பல்லி வழுக்கிவிடும். டெஃப்லானில் எலெக்ட்ரான்கள் அத்தனை இறுக்கமாக அடைபட்டிருப்பதால் அந்தக் கண நேர ஒதுக்கம் சரியாக நடப்பதில்லை.

என் மனத்தைக் கொள்ளைகொண்டது இதற்கு அடுத்த படி. இவ்வளவு இறுக ஒட்டிய கால், விநாடிக்குப் பலமுறை எப்படிப் பிரிகிறது? ரகசியம் கோணத்தில் இருக்கிறது. மயிரை மேற்பரப்பில் லேசாக அழுத்தி, ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஐந்து பங்கு இழுத்தால் பிடி ஏறுகிறது. மயிருக்கும் மேற்பரப்புக்கும் இடையிலான கோணம் 30 பாகையைத் தாண்டினால் தானாக விட்டுவிடுகிறது. ஸ்டிக்கரை நேராக இழுத்தால் வராது, ஓரத்தை உயர்த்தி உரித்தால் வந்துவிடும் அல்லவா, அதே கணக்கு. பல்லி தன் விரலை நுனியிலிருந்து பின்பக்கமாக, நம் விரல் மடங்கும் திசைக்கு நேர் எதிராக, சுருட்டுகிறது. வரிசை வரிசையாக மயிர்கள் கழல்கின்றன. எல்லாம் ஒரு விநாடியில் ஐம்பதில் ஒரு பங்கு நேரத்துக்குள். பிடித்திருக்கப் பல்லிக்கு முயற்சி தேவையில்லை, செத்த பல்லியின் கால்கூட உயிருள்ளதைப் போலவே ஒட்டுகிறது என்று 2014-ல் காட்டினார்கள். உழைப்பெல்லாம் விடுவிப்பதில்தான். பிணைத்ததை நினைத்தவுடன் அவிழ்க்கிறானே கதையின் வீரன், அந்தப் பாதியைத்தான் பல்லி இவ்வளவு அழகாகச் சாதித்திருக்கிறது.

எங்கள் வீட்டில் பல்லி தோளில் விழுந்தால் பாட்டி பஞ்சாங்கத்தைப் புரட்டுவார். வலது தோளா, இடது தோளா என்பதில் பலன் மாறும். இப்போதும் தினசரிக் காலண்டர் அட்டையில் அந்தப் பட்டியலைப் பார்க்கிறேன், பார்க்கும்போதெல்லாம் வருத்தமாக இருக்கிறது. இப்படியொரு காலுள்ள உயிர் எப்படி விழுந்தது என்பதே கேட்க வேண்டிய கேள்வி. இன்னொரு பல்லியோடு சண்டையா, பூச்சிமேல் பாய்ந்ததா, உதிரும் சுண்ணாம்பில் கால் வைத்ததா? காரணம் சுவரில் இருக்கிறது, நம் தோளில் அதைத் தேடிக்கொண்டிருக்கிறோம்.

தவளையை மிதக்கவிட்ட கெய்மை மறந்துவிடவில்லை. 2003-ல் மான்செஸ்டரில் பல்லிக்கால் போன்ற நுண்மயிர் நாடாவைச் செய்து காட்டிய குழுவிலும் அவர் இருந்தார். மயிர்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டதால் சில முறைக்குமேல் அது உழைக்கவில்லை. அதற்கு அடுத்த வருடம் சக ஆய்வாளர் கான்ஸ்டான்டின் நாவோசெலோவுடன் சேர்ந்து, பென்சிலில் இருக்கும் கிராஃபைட்டிலிருந்து செல்லோடேப்பால் ஓரணுத் தடிமனுள்ள கிராஃபீனை உரித்தெடுத்தார். 2010-ல் இருவருக்கும் நோபல் பரிசு. தவளைக்காக 2000-லேயே, முதலில் சிரிக்கவைத்துப் பிறகு யோசிக்கவைக்கும் ஆய்வுகளுக்கான வேடிக்கைப் பரிசான 'இக் நோபல்' வாங்கியிருந்தார். கதையின் இரண்டு சக்திகளையும் தொட்டுப் பார்த்த மனிதர்! இவற்றை அவர் 'வெள்ளிக்கிழமை இரவுச் சோதனைகள்' என்பார், வழக்கமான ஆய்வுக்கு வெளியே ஆசைக்குச் செய்து பார்ப்பவை. நம் ஊரில் ஆய்வு விண்ணப்பத்தின் முதல் பக்கத்திலேயே 'சமூகப் பயன் என்ன?' என்ற கட்டம் வந்துவிடுகிறது. தவளைக்கு அந்தக் கட்டத்தில் என்ன எழுதுவது? கேள்வி கேட்காமல் கொஞ்சம் பணத்தை இளைஞர் கையில் கொடுக்கத்தான் வேண்டும் என்று உறுதியாக நினைக்கிறேன். பல்லிக்கால் ஒட்டுப்பட்டைகளை இன்று விண்வெளி நிலையத்திலேயே சோதித்திருக்கிறார்கள். காற்றில்லாத இடத்தில் உறிஞ்சு கிண்ணம் உதவாது, இது உதவும்.

கடிதம் எழுதிய மாணவிக்கு ஒரு வேலை தருகிறேன். இன்று ராத்திரி ஜன்னலில் பல்லி வந்ததும் டார்ச்சைப் பக்கவாட்டில் பிடித்து, செல்போனில் மெதுவோட்ட வீடியோ எடுங்கள். பூச்சியைப் பார்த்து அது அடியெடுக்கும் அந்தக் கணத்தில், பாதம் கிளம்புவதற்கு முன்னே, விரல் நுனிகள் மேல்நோக்கிச் சுருளும்.