குழந்தை தூங்கும் அறையைப் படம் எடுத்து வாருங்கள்

மூச்சு இளைப்போடு வரும் குழந்தைகளின் பெற்றோருக்குச் சில ஆண்டுகளாக ஒரு வேலை கொடுத்து வருகிறேன். மருந்துச் சீட்டை நீட்டும்போதே, "அடுத்த முறை வரும்போது பிள்ளை படுக்கிற அறையைக் கைபேசியில் நான்கு படம் எடுத்து வாருங்கள். ஒதுங்க வைக்க வேண்டாம், இருப்பது இருந்தபடியே எடுங்கள்" என்று சொல்லிவிடுவேன். முதலில் கூச்சப்படுவார்கள். ஆனால், ஸ்டெதாஸ்கோப்பில் கேட்காத பல விஷயங்கள் அந்த நான்கு படங்களில் தெரிந்துவிடுகின்றன.

போன மழைக்காலத்தில் மூன்றரை வயதுப் பையன் ஒருவன், ஒன்றரை மாதத்துக்குள் நான்கு முறை நெபுலைசர் வைக்க வந்துவிட்டான். நள்ளிரவு தாண்டினால் இருமல் தொடங்கும். விடிவதற்குள் விலா எலும்புகள் உள்ளே இழுக்க இழுக்க மூச்சு வாங்கும். ஐஸ்கிரீம் கிடையாது, வாழைப்பழம் கிடையாது, தயிர் கிடையாது, தலைக்கு ஊற்றி ஒரு மாதம் ஆகிறது என்று அவன் அம்மா ஒவ்வொன்றாக விரல் மடக்கிச் சொன்னார். பிள்ளை ஆசைப்பட்ட அத்தனையையும் நிறுத்தியிருந்தார்கள். அவர் நீட்டிய கைபேசியில் அறையைப் பார்த்தேன். பத்துக்குப் பத்து இருக்கும். ஒரே ஜன்னல். அதையும் கொக்கி மாட்டி, இடுக்கில் பழைய துணியைச் செருகி, மேலே கனத்த திரை போட்டிருந்தார்கள். கட்டிலுக்கு அடியில் தகரத் தட்டு. அதில் கொசுவர்த்திச் சுருளின் சாம்பல் உடையாமல் வட்டம் வட்டமாகக் கிடந்தது. தலைமாட்டில் ஆறு கரடிப் பொம்மைகள். மூலையில் ஓதம் ஏறிச் சுண்ணாம்பு உப்பியிருந்தது.

"சுருளை எத்தனை நாளாகக் கொளுத்துகிறீர்கள்?" என்று கேட்டேன்.

"இவன் பிறந்ததிலிருந்து, டாக்டரம்மா. கொசு கடித்து டெங்கு வந்துவிட்டால் என்ன செய்வது?"

அந்தப் பயத்தை நான் குறைத்துப் பேச மாட்டேன். டெங்குவில் குழந்தைகள் படும் பாட்டை வார்டில் பார்க்கிறவள் நான். ஆனால் கொசுவைத் துரத்தும் புகை, கொசு இருக்கிற அறையில் மட்டுமா இருக்கிறது? பிள்ளையின் நெஞ்சுக்குள்ளும் போகிறது. 2003ஆம் ஆண்டு வெளியான ஓர் ஆய்வில், சீனாவிலும் மலேசியாவிலும் விற்ற கொசுவர்த்திச் சுருள்களை எரித்து அளந்து பார்த்தார்கள். ஒரு சுருள் முழுதாக எரிந்து முடிவதற்குள் வெளிவரும் நுண்துகளின் எடை, 75 முதல் 137 சிகரெட்டுகள் எரிவதற்குச் சமம் என்று கண்டார்கள். வீட்டில் ஒருவர் ஒரு சிகரெட் பற்றவைத்தால் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வெளியே ஓடுகிற அதே அம்மாதான், அந்தப் பிள்ளையின் கட்டிலுக்கு அடியில் சுருளை வைக்கிறார். தெரியாமல் வைக்கிறார். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

இந்த நுண்துகள்கள் முடியின் தடிமனில் முப்பதில் ஒரு பங்குகூட இல்லாதவை. மூக்கில் இருக்கும் முடியும் சளியும் இவற்றைத் தடுக்காது. பெரியவர்கள் நிமிடத்துக்கு 12 முதல் 18 முறை மூச்சு விடுகிறோம் என்றால், மூன்று வயதுக் குழந்தை 20 முதல் 30 முறை விடுகிறது. உடல் எடையோடு ஒப்பிட்டால் அது இழுக்கும் காற்று நம்மைவிட அதிகம். மூச்சுக்குழாயோ நம்முடையதைவிடக் குறுகல். கொஞ்சம் வீங்கினாலே அடைத்துவிடும்.

கட்டிலுக்கு மேலே உள்ள சுவரை ஈரமான வெள்ளைத் துணியால் ஒரு முறை துடைத்துப் பாருங்கள் என்று அந்த அம்மாவிடம் சொல்லி அனுப்பினேன். மறுநாளே துணியைப் பாலிதீன் பையில் போட்டு எடுத்து வந்துவிட்டார். காப்பி டிகாஷன் சிந்தியதுபோல இருந்தது. அவரோடு வந்த பையனின் அப்பாயி அதை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். வெகுநேரம் பேசவே இல்லை. பிறகு, "இனிமேல் சுருள் வேண்டாம் டாக்டரம்மா. வேப்பிலையைப் போட்டு மூட்டம் போட்டுக்கொள்கிறோம். அது இயற்கைதானே?" என்றார்.

இந்தக் கேள்வியை வாரத்துக்கு நான்கு பேராவது கேட்கிறார்கள். எளிமையாக, இயற்கையோடு வாழ வேண்டும் என்று ஆசைப்படுகிறவர்கள்தான் அதிகம் கேட்கிறார்கள். அந்த ஆசை எனக்கும் உண்டு. ஆனால் புகை எந்த மரத்திலிருந்து வந்தது என்று நுரையீரல் பிரித்துப் பார்ப்பதில்லை. வேப்பிலையை எரித்தாலும், நொச்சியை எரித்தாலும், மூலிகைச் சுருள் என்று அச்சடித்த டப்பாவிலிருந்து எடுத்து எரித்தாலும் எரிகிற பொருளிலிருந்து நுண்துகள் வரத்தான் செய்யும். மூடிய அறையில் சாம்பிராணியும் ஊதுபத்தியும்கூட அப்படித்தான்.

"உங்களுக்கும் உங்கள் அம்மா தலைக்கு ஊற்றிச் சாம்பிராணி காட்டித்தானே வளர்த்திருப்பார்கள்?" என்றார் அப்பாயி.

ஆமாம், அப்படித்தான் வளர்ந்தேன். என் தாத்தா வீட்டில் முற்றம் இருந்தது, நாட்டு ஓடு வேய்ந்த கூரை. முற்றத்து ஓரம் உட்கார வைத்து என் தலைமுடியை விரித்துப் பிடித்துப் புகை காட்டுவார்கள். அந்தப் புகை முற்றத்து வழியாகவும் ஓட்டு இடுக்கு வழியாகவும் போய்க்கொண்டே இருக்கும். இன்று அதே தூபக்காலைக் கான்கிரீட் கூரைக்குக் கீழே, கதவைச் சாத்திக்கொண்டு, பிறந்து இருபது நாள் ஆன குழந்தையின் முகத்துக்கு அருகில் பிடிக்கிறோம். வீடு மாறிவிட்டது, வழக்கம் மட்டும் மாறாமல் கூடவே வந்துவிட்டது. குழந்தையின் தலையைத் துவட்ட மெல்லிய பருத்தித் துண்டு போதும். சாமிக்குச் சாம்பிராணி போட வேண்டும் என்றால் ஜன்னல்களைத் திறந்துவைத்துப் போடுங்கள், பிள்ளையை அந்த நேரம் திண்ணையிலோ மாடியிலோ விளையாட விடுங்கள்.

சுருளை விட்டு லிக்விட் எந்திரத்துக்கு மாறியவர்களுக்கு ஒரு வார்த்தை. அதில் புகை இல்லை என்பது உண்மை. ஆனால் டிரான்ஸ்ஃப்ளூத்ரின், பிராலெத்ரின் போன்ற பூச்சிக்கொல்லி ஆவியாகிக்கொண்டிருக்கிறது. இளைப்பு உள்ள குழந்தைக்கு, அடைத்த அறையில் இரவு முழுவதும் அது எரிச்சலைத் தரலாம். புட்டியில் இருக்கும் திரவத்தைக் குடித்துவிட்டு வருகிற குழந்தைகளும் உண்டு. கைக்கு எட்டுகிற ஸ்விட்சில் மாட்டவே கூடாது.

அப்படியானால் கொசுவுக்கு என்னதான் செய்வது? கொசு எங்கே பிறக்கிறது என்பதிலிருந்து தொடங்க வேண்டும். டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசு சாக்கடையில் பிறப்பதில்லை. நாம் பிடித்துவைத்த நல்ல தண்ணீரில் பிறக்கிறது. சிமெண்ட் தொட்டி, பிளாஸ்டிக் டிரம், ஃப்ரிட்ஜின் பின்புறத் தட்டு, பூந்தொட்டிக்கு அடியில் வைத்த தட்டு, கொல்லையில் வீசிய கொட்டாங்கச்சி, கோழிக்குத் தண்ணீர் வைக்கும் சட்டி. முட்டையைத் தண்ணீருக்குச் சற்று மேலே, பாத்திரத்தின் உட்சுவரில் ஒட்டிவிடும். தண்ணீரைக் கொட்டிவிட்டால் போதும் என்று நினைக்கிறோம். காய்ந்த சுவரில் ஒட்டிய முட்டை மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும், மறுபடி தண்ணீர் பட்டதும் பொரிக்கும். அதனால் தேங்காய் நாரை எடுத்து உட்சுவரை அழுத்தித் தேய்க்க வேண்டும். முட்டை கொசுவாகப் பறக்க ஒரு வாரம் முதல் பத்து நாள் வரை ஆகும் என்பதால், வாரம் ஒரு நாள் இதைச் செய்தால் கணக்குச் சரியாக வரும். வெள்ளிக்கிழமை வீடு கழுவுகிற வழக்கம் உள்ளவர்கள் தொட்டியையும் அதோடு சேர்த்துக்கொள்ளுங்கள்.

இந்தக் கொசு பகலில் கடிக்கிறது, அதுவும் காலையிலும் மாலை மங்கும் முன்பும் அதிகமாக. இரவு முழுவதும் சுருள் கொளுத்தி டெங்குவைத் தடுத்துவிட்டதாக நிம்மதி அடைகிறவர்கள் இதை நினைவில் வைக்க வேண்டும். மதியம் தூங்கும் குழந்தையைத்தான் வலைக்குள் போட வேண்டும். இரவில் காதருகே ரீங்காரம் இடுவது பெரும்பாலும் கியூலெக்ஸ் என்ற வேறு வகைக் கொசு. சாக்கடையிலும் செப்டிக் டேங்கிலும் பெருகுவது. செப்டிக் டேங்கின் காற்றுக்குழாய் வாயில் நைலான் வலைத் துண்டு ஒன்றைச் சுற்றிக் கட்டிவிட்டால், அந்த வழியாக இரவுதோறும் வெளியே வரும் கொசுக்கூட்டம் நின்றுவிடும். செலவு மிகக் குறைவு. எங்கள் தெருவில் வீடு வீடாகச் சொல்லிக் கட்ட வைத்தோம்.

ஜன்னலுக்கு வலை அடித்துவிட்டால் அதை மூட வேண்டிய அவசியமே இல்லை. கட்டிலுக்கு நம் பாட்டிமார் கட்டிய கொசுவலையைவிடச் சிறந்த பொருளை நான் இதுவரை பார்க்கவில்லை. மின்விசிறி நல்ல வேகத்தில் ஓடினால் கொசுவால் உடம்பில் உட்கார முடியாது, அது பலவீனமாகப் பறக்கும் பூச்சி.

அடுத்து மெத்தை. தலையணையிலும் மெத்தையிலும் பஞ்சுப் பொம்மையிலும் கண்ணுக்குத் தெரியாத தூசிப்பூச்சிகள் வாழ்கின்றன. நம் உடம்பிலிருந்து உதிரும் தோல் செதில்தான் அவற்றுக்குத் தீனி, ஈரப்பதம் அதிகமுள்ள இடம்தான் அவற்றுக்குப் பிடித்த இடம். அவற்றின் கழிவு பல குழந்தைகளுக்கு இளைப்பைத் தூண்டுகிறது. மெத்தையையும் தலையணையையும் நல்ல வெயிலில் உலர்த்தித் தட்டுவதும், விரிப்பை வாரம் ஒரு முறை கொதிக்கும் வெந்நீரில் ஊறவைத்துத் துவைப்பதும் இதற்குப் பெரிய உதவி. ஓதம் ஏறிய சுவருக்குப் பெயிண்ட் அடித்து மறைப்பதில் பயனில்லை. எங்கே ஒழுகுகிறது என்று பார்த்து அடைக்க வேண்டும்.

பிறந்த குழந்தையைப் பழைய மெல்லிய சேலையிலோ வேட்டியிலோ சுற்றுவது நம் வழக்கம். நல்ல வழக்கம். ஆனால் அந்தச் சேலை அந்துருண்டை போட்ட பீரோவில் இருந்திருந்தால் எச்சரிக்கை தேவை. ரத்தச் சிவப்பணுவில் குறிப்பிட்ட ஒரு நொதி குறைவாகப் பிறக்கும் குழந்தைகளுக்கு, அந்துருண்டையின் நாப்தலீன் பட்டால் சிவப்பணுக்கள் உடைந்து மஞ்சள் காமாலை முற்றிவிடும். துணியை நன்றாகத் துவைத்து, வாசனை முழுவதும் போகும்வரை வெயிலில் காயவைத்த பிறகே எடுங்கள். பிரசவ வீட்டில் அந்துருண்டையே வேண்டாம் என்பது என் கருத்து.

இனி சூடம். இதைச் சொல்லும்போது எனக்கு இன்றும் மனம் பதறும். ஒன்றரை வயதுப் பெண் குழந்தை ஒன்றை ஒரு மாலை, கைகால் வெட்டி இழுக்க, தோளில் போட்டுக்கொண்டு ஓடிவந்தார்கள். காய்ச்சல் இல்லை, அடிபடவில்லை, முன்பு வலிப்பு வந்ததும் இல்லை. வாய் அருகே குனிந்தபோது சாமி அறை வாசனை அடித்தது. பூஜைத் தட்டிலிருந்து ஒரு கட்டிச் சூடத்தைக் கற்கண்டு என்று நினைத்து வாயில் போட்டிருக்கிறது. வலிப்பு அடங்கி, கண் விழித்து, அம்மாவை அடையாளம் கண்டு அழும்வரை எங்கள் யாருக்கும் மூச்சு வரவில்லை. பிழைத்துவிட்டது. சின்னக் குழந்தைக்கு 1 கிராம் சூடமே உயிருக்கு ஆபத்தாகலாம். விழுங்கிய சில நிமிடங்களிலேயே, முன்னறிகுறி எதுவும் இல்லாமல், வலிப்பு வரலாம். விரலை விட்டு வாந்தி எடுக்க வைக்காதீர்கள். 108ஐ அழையுங்கள், அல்லது கிடைத்த வண்டியில் உடனே கிளம்புங்கள், டப்பாவைக் கையோடு எடுத்து வாருங்கள்.

சளிக்காகத் தேங்காய் எண்ணெயில் சூடம் காய்ச்சிக் குழந்தையின் நெஞ்சில் தேய்ப்பதும் இங்கே பரவலாக இருக்கிறது. சூடம் தோல் வழியாகவும் உள்ளே போகும். இரண்டு வயதுக்கு உட்பட்ட குழந்தைக்கு அது வேண்டவே வேண்டாம். மூக்கில் எண்ணெய் விடுவதும் வேண்டாம். எண்ணெய் நுரையீரலுக்குள் இறங்கினால் ஒருவகை நிமோனியா வரும், அது ஆறுவதற்கு நெடுநாள் ஆகும்.

பண்டிகை வந்தால் கழிவறையைத் தேய்க்க ஆசிடையும் பிளீச்சிங் பவுடரையும் ஒன்றாக ஊற்றுகிறார்கள். இரண்டும் சேர்ந்தால் குளோரின் வாயு வெளிவரும். கண் எரிந்து, தொண்டை அடைத்து அம்மாக்களே வந்து படுக்கிறார்கள். தினம் ஒரு கை சோப்புத் தண்ணீரும் பிரஷ்ஷும் போட்டுத் தேய்த்தால் ஆசிட் வாங்கவே தேவையிருக்காது.

இவ்வளவையும் படித்துவிட்டு யாராவது இன்ஹேலரை நிறுத்திவிடுவார்களோ என்ற கவலை எனக்கு இருக்கிறது. இயற்கை வாழ்வுக்கு மாறிவிட்டோம் என்று சொல்லி மருந்தை விட்டுவிட்டு, பத்தாம் நாள் உதடு நீலம் பாய்ந்த பிள்ளையோடு வந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். இன்ஹேலர் பழக்கமாகிவிடும் என்பது வெறும் பயம். அதில் போகும் மருந்தின் அளவு மிகச் சிறியது, நேராக மூச்சுக்குழாய்க்குப் போகிறது. அறையைச் சரிசெய்தால் மருந்தைக் குறைக்க வழி பிறக்கலாம், ஆனால் எப்போது, எவ்வளவு குறைப்பது என்பதை மருத்துவர்தான் சொல்ல வேண்டும். விலா இழுத்தாலோ, ஒரு வாக்கியம் முழுதாகப் பேச முடியாமல் திணறினாலோ, பால் குடிக்க முடியாமல் தவித்தாலோ, விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள்.

அந்தப் பையன் இந்த ஆண்டு மழையில் ஒரே ஒரு முறை இளைப்போடு வந்தான், நெபுலைசர் தேவைப்படவில்லை. காலையும் மாலையும் ஸ்பேசர் என்ற குழலை மாட்டி இன்ஹேலர் எடுத்துக்கொள்கிறான். வாழைப்பழமும் தயிரும் சாப்பிடுகிறான். அவன் அம்மா நான் கேட்காமலேயே புதிய படங்களைக் காட்டினார். ஜன்னலுக்குப் பச்சை வலை அடித்திருக்கிறார்கள், திரை இல்லை, கட்டிலில் கொசுவலை சுருட்டிக் கட்டியிருக்கிறது. ஆறு கரடிகளில் ஒன்றை மட்டும் அவன் விட்டுக்கொடுக்கவில்லையாம். அதை அப்பாயி வாரம் ஒரு முறை வெந்நீரில் அலசி, கொடியில் கிளிப் போட்டு, கொல்லை வெயிலில் காயவைக்கிறார்.