வீடா, வைத்தியசாலையா: திருகோணமலையில் பேறு எங்கே?

இலங்கையில் 100 பேறுகளில் 99க்கு மேல் வைத்தியசாலையில்தான் நடக்கின்றன. இருந்தும், கைத்தொலைபேசிக்கு வரும் காணொளிகளைப் பார்த்துவிட்டு, "வீட்டிலேயே பெறலாமாம், இயற்கையாக இருக்குமாம்" என்று கிளினிக்கில் கேட்கிறார்கள். சிலர் மருத்துவிச்சி மிஸ் ஏசுவார் என்ற பயத்தில் கேட்காமலே மனதுக்குள் முடிவெடுக்கிறார்கள். கேட்பதே நல்லது. 2018இல் தமிழ்நாட்டின் திருப்பூரில், காணொளி பார்த்து வீட்டில் பேறு பார்க்க முயன்றபோது ஒரு இளம் தாய் இரத்தப்போக்கால் இறந்தார்.

பெரும்பாலான பேறுகள் யாருடைய உதவியும் பெரிதாக இல்லாமலே நல்லபடியாக முடியும் என்பது உண்மை. சிக்கல் வரும் சிலருக்கு அது முன்கூட்டிச் சொல்லிக்கொண்டு வராது என்பதும் உண்மை. ஆகவே வீடா வைத்தியசாலையா என்று முடிவெடுக்க முன் ஒன்றைக் கணக்குப் பாருங்கள்: தாய் படுத்திருக்கும் இடத்திலிருந்து இரத்த வங்கிக்கும், சத்திரசிகிச்சைக் கூடத்துக்கும், பிள்ளைக்கு மூச்சுக் கொடுக்கத் தெரிந்த ஒருவருக்கும் எத்தனை நிமிடம்?

"வெளிநாட்டில் வீட்டில்தானே பெறுகிறார்கள்" என்பவர்கள் காட்டும் ஆய்வு 2011இல் இங்கிலாந்தில் வெளியானது. ஆபத்துக் குறைந்த 64,000க்கு மேற்பட்ட தாய்மாரைப் பார்த்த ஆய்வு அது. இரண்டாவது, மூன்றாவது பிள்ளை பெறும் தாய்மாரின் பிள்ளைகளுக்கு வீட்டில் ஆபத்துக் கூடவில்லை. முதற்பிள்ளைக்கோ, இறப்பையும் கடுமையான பாதிப்புகளையும் சேர்த்துப் பார்த்தால், வைத்தியசாலைப் பிரிவில் 1,000க்கு 5.3, வீட்டில் 9.3. அதைவிட நமக்கு முக்கியமான எண் இன்னொன்று. வீட்டில் தொடங்கிய முதற்பிள்ளைத் தாய்மாரில் 100க்கு 45 பேரளவில் இடையிலோ பேறு முடிந்த உடனோ வைத்தியசாலைக்கு மாற்றப்பட்டார்கள். பயிற்சி பெற்ற மருத்துவ மாது வீட்டுக்கே வந்து நிற்க, தேவையானால் அம்புலன்ஸ் வந்து ஏற்றிப் போக, அரசே ஏற்பாடு செய்து வைத்த இடத்தில் இந்த நிலை. புல்மோட்டையிலிருந்து திருகோணமலை நகரம் ஏறத்தாழ 55 கிலோமீற்றர். அந்த 45 பேரில் ஒருவராக நடுச்சாமத்தில் அந்த வீதியில் வருவதை நினைத்துப் பாருங்கள்.

அம்மம்மா ஏழு பிள்ளையும் வீட்டில்தான் பெற்றார் என்பதும் உண்மையாக இருக்கலாம். 1930களில் இந்த நாட்டில் ஒரு இலட்சம் உயிர்ப்பிறப்புக்கு 2,000க்கு மேற்பட்ட தாய்மார் இறந்தார்கள். இன்று அது 30 சுற்றில் நிற்கிறது. அந்த இறக்கத்துக்கு வைத்தியசாலைக் கட்டடம் மட்டும் காரணமல்ல. 1926இல் களுத்துறையில் தொடங்கிய சுகாதார அலகு முறை, பயிற்சி பெற்று வீடு வீடாகப் போன மருத்துவிச்சிமார், மலேரியா ஒழிப்பு, நுண்ணுயிர்க்கொல்லி மருந்து, இரத்தம் ஏற்றும் வசதி எல்லாம் சேர்ந்த வேலை அது.

இரத்தப்போக்கு

நிறைமாதத்தில் கருப்பைக்கு ஒரு நிமிடத்தில் அரை லீற்றருக்கு மேல் இரத்தம் போகிறது. தாயின் உடம்பில் இருக்கும் மொத்த இரத்தமே 5, 6 லீற்றர்தான். நஞ்சுக்கொடி கழன்றதும் அந்த இடத்தில் இரத்தக்குழாய்கள் திறந்தபடி கிடக்கும். கருப்பைத் தசை இறுகி அவற்றை நெரித்தால்தான் இரத்தம் நிற்கும். நெடுநேர நோவு, பெரிய பிள்ளை, இரட்டைப் பிள்ளை, பல பேறுகள் கண்ட கருப்பை என்றால் தசை களைத்து இறுகாமல் விடலாம். ஒரு காரணமும் இல்லாமலும் விடலாம். பேற்றுக்குப் பிந்திய இரத்தப்போக்கில் மிகக் கூடுதலான காரணம் இதுதான். மற்றவை பிறப்புவழிக் கிழிசல், நஞ்சுக்கொடியின் துண்டு உள்ளே தங்குவது, இரத்தம் உறையாத குறைபாடு.

லேபர் ரூமில் பிள்ளை பிறந்து ஒரு நிமிடத்துக்குள், கருப்பையை இறுக்கும் ஒக்சிடோசின் 10 அலகு ஊசி போடுவது இதற்காகத்தான். அந்த மருந்தை 2 முதல் 8 பாகை செல்சியசுக்குள் வைத்திருக்க வேண்டும். நம்முடைய வெயிலில் ஒரு கைப்பையில் கிடந்த மருந்து வீரியம் இழந்திருக்கும். "ஊசியோடு ஒருவர் வீட்டுக்கு வருவார்" என்று யாராவது சொன்னால், அதை எதில் வைத்துக் கொண்டுவருவார் என்று கேளுங்கள். ஊசிக்கும் நிற்காவிட்டால் கருப்பையைத் தடவி இறுக்குவது, இரத்தக்கட்டி கரையாமல் காக்கும் டிரனெக்சாமிக் அமிலம் 1 கிராம் நாளத்தில் ஏற்றுவது, கருப்பைக்குள் பலூன் வைப்பது, இரத்தம் ஏற்றுவது, கடைசியில் தியேட்டர் என்று படிப்படியாகப் போகும். டிரனெக்சாமிக் அமிலம் பேறு நடந்து 3 மணித்தியாலத்துக்குள் கொடுத்தால்தான் பயன். தாமதிக்கும் ஒவ்வொரு 15 நிமிடத்துக்கும் அந்தப் பயன் ஏறத்தாழ 10 வீதம் குறைகிறது. கடும் இரத்தப்போக்கில் கவனிப்பு இல்லாவிட்டால் இரண்டு மணித்தியாலத்துக்குள் தாய் இறக்கக்கூடும்.

பிள்ளையின் பக்கம் இதைவிட நேரம் குறைவு. பிறந்த பிள்ளைகளில் 100க்கு 5 முதல் 10 பேருக்குத் துடைத்து, முதுகைத் தேய்த்து மூச்சைத் தூண்ட வேண்டியிருக்கும். அதற்கும் மூச்சு வராத சிலருக்கு, பிறந்த முதல் நிமிடத்துக்குள் பையும் முகமூடியும் வைத்துக் காற்றுக் கொடுக்கத் தொடங்க வேண்டும். அம்புலன்ஸ் எவ்வளவு விரைவாக வந்தாலும் அந்த ஒரு நிமிடத்துக்குள் வராது.

எந்த வைத்தியசாலை?

எங்கள் கணிப்பில், திருகோணமலை மாவட்டத்தில் உண்மையான தெரிவு இதுதான். முதற்பிள்ளை, முன்னர் சிசேரியன், இரட்டைப் பிள்ளை, பிள்ளை குறுக்கே அல்லது கால் பக்கமாகக் கிடப்பது, பிரசர் 140/90 அல்லது அதற்கு மேல், கர்ப்பகாலச் சீனி, நஞ்சுக்கொடி கீழே இருப்பது, முந்திய பேற்றில் இரத்தப்போக்கு, ஹீமோகுளோபின் 11க்குக் குறைவு, ஐந்தாவது அல்லது அதற்கு மேற்பட்ட பேறு, 37 வாரத்துக்கு முன் நோவு: இவற்றில் ஒன்று இருந்தாலும் வீடு என்ற பேச்சை விடுங்கள். பக்கத்தில் உள்ள சிறிய வைத்தியசாலை போதுமா என்பதையும் மகப்பேற்று நிபுணரே சொல்லட்டும்.

ஏனென்றால் பேற்று வாட்டு இருக்கும் இடமெல்லாம் சிசேரியன் செய்யும் இடமல்ல. பிரதேச வைத்தியசாலையில் வைத்தியரும் மருத்துவ மாதும் இருப்பார்கள், தியேட்டர் இருக்காது. கிண்ணியா, மூதூர், கந்தளாய் தள வைத்தியசாலைகளும் நகரத்தின் மாவட்டப் பொது வைத்தியசாலையும் வேறு படி. 32, 34 வாரக் கிளினிக்கில் மூன்று விஷயம் கேளுங்கள்: மகப்பேற்று நிபுணரும் மயக்க மருந்து வைத்தியரும் இரவிலும் விடுமுறை நாளிலும் இருப்பார்களா, என்னுடைய இரத்த வகை அங்கே கிடைக்குமா, குறைமாதப் பிள்ளையைப் பார்க்கும் பிரிவு உண்டா. பதில் திருப்தியில்லை என்றால் அப்போதே கடிதம் வாங்கி மாறுங்கள். நோவோடு மாறுவது வேறு விஷயம்.

பாதையையும் பாருங்கள். 2009இல் கிண்ணியாப் பாலமும் 2011இல் மூதூர் வீதிப் பாலங்களும் வந்தபின் கடல்வழிக்குக் காத்திருக்கும் காலம் போய்விட்டது. ஆனாலும் மார்கழி மழையில் மகாவலி பெருகினால் வெருகல், ஈச்சிலம்பற்றுப் பக்கம் வீதி அறுபடும். ஐப்பசி முதல் தை வரை நாள் குறித்த தூர இடத்துத் தாய்மார், குறித்த திகதிக்கு முன்பே வாட்டில் அனுமதி கிடைக்குமா அல்லது நகரத்தில் உறவினர் வீட்டில் தங்கலாமா என்று 36 வாரத்திலேயே பேசி வைக்க வேண்டும். சீட்டு எழுதச் சொல்லி மிஸ்ஸை நச்சரித்தாலும் பரவாயில்லை.

எப்போது புறப்படுவது? நகரத்துக்குள் இருப்பவர் முதற்பிள்ளை என்றால், நோவு 5 நிமிடத்துக்கு ஒருமுறை, ஒவ்வொன்றும் ஒரு நிமிடம், இப்படி ஒரு மணித்தியாலம் நீடித்தால் புறப்படலாம். தூரத்தில் இருப்பவரும் இரண்டாவது பிள்ளைக்காரரும் அவ்வளவு நேரம் காத்திருக்கக் கூடாது. நோவு ஒழுங்காக 10 நிமிடத்துக்கு ஒன்று வந்தாலே ஏறுங்கள். பன்னீர்க்குடம் உடைந்தால், இரத்தம் பட்டால், பிள்ளையின் அசைவு குறைந்தால், கடும் தலையிடியும் கண் மங்கலும் வந்தால் நோவு இல்லாவிட்டாலும் உடனே போக வேண்டும். உடைந்த நீர் பச்சையாக இருந்தால் அதைச் சொல்லுங்கள். பிள்ளைக்கு முன்னால் தொப்புள்கொடி வெளியே தெரிந்தால் அதை உள்ளே தள்ளாமல், தாய் முழங்காலும் மார்பும் நிலத்தில் பட, இடுப்பை உயர்த்தி வைத்தபடி உதவியை அழைக்க வேண்டும். 1990 சுவசெரிய அம்புலன்ஸுக்குக் காசு இல்லை. அழைக்கும்போது கோயில், பள்ளிவாசல், சந்தி என்று அடையாளம் சொல்லுங்கள், ஒருவரை வீதியில் நிறுத்துங்கள்.

வழியிலேயே பிறந்தால்

1990ஐ அழைத்துவிட்டுத் தொலைபேசியை ஒலிபெருக்கியில் வையுங்கள். காலை ஒடுக்கிப் பேற்றைத் தடுக்க வேண்டாம். கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவுங்கள். தலை தெரியும்போது தாய் முக்காமல் மூச்சிரைக்கட்டும். தலையைப் பிடித்து இழுக்காதீர்கள், கையால் தாங்கினால் போதும். கழுத்தில் கொடி சுற்றியிருந்து தளர்வாக இருந்தால் தலைக்கு மேலால் கழற்றலாம். பிறந்த உடனே காய்ந்த துணியால் துடைத்து, தாயின் வெறும் மார்பில் கிடத்தி, இருவரையும் மூடுங்கள். காற்றாடியை நிறுத்துங்கள். அழாவிட்டால் முதுகைத் துணியால் தேயுங்கள். தலைகீழாகத் தூக்கி அடிப்பது வேண்டாம்.

கொடியை வெட்டாதீர்கள். கண்ட பிளேட்டும் நூலும் தொப்புளில் தொற்றுக்குத்தான் வழி. கொடியை இழுத்தால் கருப்பையே புரண்டு வரலாம். நஞ்சுக்கொடி தானாக விழுந்தால் ஒரு பையில் போட்டுப் பிள்ளையோடு சேர்த்தே கொண்டுபோங்கள், அது முழுதாக வந்ததா என்று அங்கே பார்ப்பார்கள். விழுந்தபின் தொப்புளுக்குக் கீழே கையை வைத்து, பந்துபோல் இறுகும்வரை தடவுங்கள், பிள்ளையை மார்பில் பிடிக்க விடுங்கள். அரை மணித்தியாலத்துக்குள் இரண்டு மூன்று பேட் நனைந்தாலோ, அந்த நேரத்துக்குள் நஞ்சுக்கொடி விழாவிட்டாலோ அது அவசரம்.

வீட்டில் பெற விரும்புகிறவர்களில் பலருக்கு வைத்தியசாலையின் மேல் உள்ள பயம்தான் காரணம், அந்தப் பயம் வெறும் கற்பனையும் அல்ல. தனியாகக் கிடக்க வேண்டும், கத்தினால் ஏசுவார்கள், ஆண் வைத்தியர் பார்ப்பார், தேவையில்லாமல் வெட்டுவார்கள் என்கிறார்கள். நாங்கள் சொல்வது, இவற்றை வாட்டில் போய்ப் பேசாமல் கிளினிக்கிலேயே கேளுங்கள் என்பதுதான். கூட ஒரு பெண் நிற்க அனுமதி உண்டா, திரை போடுவார்களா, பெண் வைத்தியர் கடமையில் இருந்தால் அவரைக் கேட்கலாமா, நோவின்போது நடக்கவும் தண்ணீர் குடிக்கவும் விடுவார்களா, நோ தணிக்க என்ன உண்டு. எந்த ஊசி, எந்த வெட்டு என்றாலும் ஏன் என்று கேட்கத் தாய்க்கு உரிமை உண்டு. பிறப்புவாயில் வெட்டு எல்லோருக்கும் வழமையாகப் போட வேண்டியதல்ல என்பது இன்றைய மருத்துவ நிலைப்பாடு. கொடியை உடனே வெட்டாமல் ஒன்றிலிருந்து மூன்று நிமிடம் விடுவதும், பிறந்த உடன் தோலோடு தோல் வைப்பதும், முதல் மணித்தியாலத்தில் பால் கொடுப்பதும் "வீட்டு முறை" என்று காணொளிகள் விற்பவை. அவை வைத்தியசாலையில் நடக்க வேண்டியவையே.

எப்படியோ வீட்டில் பிறந்துவிட்டாலும் தாயும் பிள்ளையும் அன்றே வைத்தியசாலைக்குப் போக வேண்டும். பிள்ளைக்கு விற்றமின் கே ஊசியும் பீ.சி.ஜீ தடுப்பூசியும் போட வேண்டும், குதிக்காலில் இரத்தம் எடுத்துத் தைரொயிட்டுப் பார்க்க வேண்டும். தாயின் இரத்த வகை நெகட்டிவ்வாகவும் பிள்ளையுடையது பொசிட்டிவ்வாகவும் இருந்தால் அன்ரி-டீ ஊசி 72 மணித்தியாலத்துக்குள். பிறப்புப் பதிவுக்கு வைத்தியசாலை அறிக்கை இல்லாத இடத்தில் கிராம உத்தியோகத்தரின் அறிக்கை வேண்டும். மூன்று மாதம் தாண்டினால் காலங்கடந்த பதிவாகி அலைச்சல் கூடும். குடும்பநல மருத்துவிச்சிக்கும் அன்றே சொல்லிவிடுங்கள், முதல் 10 நாளுக்குள் அவர் வீட்டுக்கு வந்து தையல், காய்ச்சல், இரத்தப்போக்கு, தொப்புள், மஞ்சள் எல்லாம் பார்ப்பார்.